மூன்றாம் நம்பர் கேம்ஷாஃப்ட்

பல் டாக்டர் கைப்பேசியை பைக்கின் சீட்டில் வைத்து ஒலியைக் கூட்டினார். டக்… டக்டக்… டக் என்று யாருடைய வண்டியோ நின்ற இடத்தில் நொண்டிக்கொண்டிருந்தது.

"இந்தச் சத்தம்தான் வேணும். இதுக்கு எந்த கேம்ஷாஃப்ட்டோ அதைப் போடுங்க."

மருமகன் போல்ட்டுகளைத் துடைத்துக்கொண்டே காது கொடுத்தான். கடையில் எல்லோருக்கும் அவன் மருமகன்தான். கடைக்காரரின் மகளைக் கட்டியவன். மகள் இறந்து பதினான்கு மாதமாகியும் அந்தப் பெயர் உதிரவில்லை. அவன் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவன் என்பது பலருக்கு ஞாபகமில்லை.

எஞ்சினின் வால்வுகள் எவ்வளவு உயரம், எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்று தீர்மானிப்பது கேம்ஷாஃப்ட். இந்த இரட்டை சிலிண்டர் வண்டிக்கு அட்டவணையில் மூன்று வகை இருந்தன. ஒன்றாம் நம்பர் மெதுவாகப் போகும்போதே நல்ல இழுவை கொடுக்கும். டாக்டர் கேட்ட நொண்டிச் சத்தம் மூன்றாம் நம்பருடையது; அது நிமிஷத்துக்கு நாலாயிரம் சுற்றுக்கு மேல்தான் கண்ணையே விழிக்கும். டாக்டரின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றியபோதே அவருடைய வண்டவாளம் தெரிந்துவிட்டது. கரி அப்பிக் கிடந்தது. அடுப்பில் பால் வைத்தது போல வண்டியைச் சிம்மிலேயே ஓட்டுகிற மனிதர்.

"ஒண்ணாம் நம்பர் போதும் சார்."

"ஒண்ணா? எங்க குரூப்ல காறித் துப்புவாங்க தம்பி."

குரூப்பின் பெயர் இரும்பு ஓநாய்கள். ஓநாய்களில் மூன்று பேர் பல் டாக்டர்கள், ஒருவர் ஆடிட்டர், ஒருவர் சிறுநீரக நிபுணர். நாற்பது கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்தி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கி, முட்டியை நீவிக்கொள்ளும் ஓநாய்கள். டாக்டரின் தோல் கோட்டு முதுகில் ஒரு மண்டை ஓடு. செத்த பிறகும் அதற்குப் பல்வரிசை அப்பழுக்கில்லாமல் இருந்தது.

கடைக்காரர் கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். "மாப்ளே, டாக்டர் ஆசைப்பட்டுட்டார். மூணையே போட்டுடுங்க." வாடிக்கையாளர் எதிரில்தான் இந்த மாப்ளே. மற்ற நேரமெல்லாம் வெறும் 'இந்தாப்பா'.

"தம்பிக்குப் பெரிசா எதையும் பார்த்தாலே பயம் போல."

"அவர் அப்படித்தான் டாக்டர். வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடும்."

இருவரும் சிரித்தார்கள். போட்டுத் தொலையட்டும் என்று மருமகன் நினைத்தான். பதினான்கு மாதமாக அவனுக்கு எதிலும் ஆட்சேபம் கிடையாது.

வெள்ளிக்கிழமை காலை மூன்றாம் நம்பர் உள்ளே ஏறியது. மறுநாள் விடிந்ததும் ஓநாய்கள் மலைப்பாதையில் கிளம்புகின்றன.

இந்த கேம்ஷாஃப்ட் வால்வை ரொம்ப ஆழமாக இறக்கும். மேலே வரும் பிஸ்டனில் அது இடிக்குமா என்று பார்த்தாக வேண்டும். பிஸ்டனின் தலையில் களிமண் அப்பி, சிலிண்டரின் மூடியான ஹெட்டை மாட்டி, எஞ்சினைக் கையால் இரண்டு சுற்று சுற்றி, மறுபடி கழற்றி, மண்ணில் வால்வு பதிந்த இடத்தைப் பிளேடால் வெட்டி அளப்பது வழக்கம். முன் சிலிண்டரில் இரண்டு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலேயே மண் மிஞ்சியிருந்தது. போதும்.

பின் சிலிண்டர் சட்டத்தின் குழாய்க்கடியில் இடுக்கில் உட்கார்ந்திருந்தது. டேங்க்கை இறக்கி, பிடிகளைக் கழற்றி, கையைக் கீறிக்கொண்டு அரை நாள் மல்லுக்கட்ட வேண்டும்.

"ரெண்டும் ஒரே வயித்துப் பிள்ளைங்க," என்றார் கடைக்காரர். "முன்னது சரின்னா பின்னதும் சரி. மூடிவிடுப்பா."

யாரோ ஏற்கனவே கழற்றி மாட்டியதில் பின் ஹெட் போல்ட்டுகளின் முனைகள் மழுங்கியிருந்ததை மருமகன் முதல் நாளே பார்த்திருந்தான். வண்டி இரண்டாம் கை. பின் சிலிண்டருக்குக் காற்று குறைவு, சூடு அதிகம். ஹெட் வளைந்து, பழைய சொந்தக்காரன் லேத்தில் கொடுத்துச் சீவியிருப்பான். சீவிய ஹெட் பிஸ்டனை நெருங்கி உட்காரும். கையால் சுற்றும்போது எதுவும் தெரியாது. வேகம் ஏறினால் வால்வு பிஸ்டனில் இடித்து எஞ்சின் இறுகிவிடும், பின் சக்கரம் நின்றுவிடும். ஆளைச் சாலையிலிருந்து வழித்துத்தான் எடுக்க வேண்டும்.

இவ்வளவும் தெரிந்துகொண்டே அவன் பின்னதைத் தொடாமல் முன் ஹெட்டைத் துடைத்து மாட்டி இறுக்கினான். கேட்டதைக் கொடுத்தாயிற்று. சிம்மில் ஓட்டுகிறவர் பிழைத்துப் போகலாம். ஆனால் ஆடிட்டர் ஓநாய் பார்க்கும்போது ஒரே ஒரு தடவை ஆக்ஸிலேட்டரை முறுக்குவார். மருமகன் அந்த ஒரு தடவையை மிட்டாய் போல வாயில் அடக்கிக்கொண்டான்.

மதியம் டாக்டர் மனைவியோடு வந்தார். பின் சீட்டுக்கு முதுகுச்சாய்வு பொருத்த வேண்டுமாம். அந்த அம்மாள் ஏறி உட்கார்ந்து அசைந்து பார்த்தார்.

"சத்தத்துக்காகவா இத்தனை பாடு? இவர் குறட்டையை ரெகார்ட் பண்ணிக் குடுத்திருப்பேனே."

"உனக்கு இதெல்லாம் புரியாது."

"ஆமா, முப்பத்திரண்டு பல்லு உங்களுக்கு மட்டும்தான் முளைச்சிருக்கு." பிறகு மருமகன் பக்கம் திரும்பினார். "தம்பி, நாளைக்கு நான் இவர் பின்னாடி உக்காந்து போகலாமா? நெசத்தைச் சொல்லுங்க."

"தாராளமா போகலாம் மேடம்!" என்றார் கடைக்காரர்.

"நான் அவரைக் கேட்டேன்."

மருமகன் கையிலிருந்த துணியை மடித்தான். வேண்டாமென்று மறுபடி பிரித்தான்.

"போகக்கூடாது மேடம்."

கடைக்காரர் முகம் பிண்டமாய்த் தொங்கியது.

"பின் சிலிண்டரை இன்னும் பார்க்கல. பார்க்காம தரமாட்டேன்."

"இந்தாப்பா…"

"டேங்க்கைப் பிடிங்க மாமா."

பழக்கமில்லாத அந்தக் குரலுக்குப் பயந்தோ என்னவோ, மாமா பிடித்தார்.

ஐந்து மணிக்கு இருவரும் திரும்பி வந்தபோது களிமண் தட்டில் தயாராக இருந்தது. மருமகன் அதை டாக்டர் பக்கம் நகர்த்தி வைத்தான்.

டாக்டர் அலட்சியமாகக் குனிந்தார். பிறகு கண்ணாடியை மாற்றிக்கொண்டு இன்னும் குனிந்தார். நகத்தால் ஓரிடத்தைத் தொட்டார். அந்த இரண்டு நாளில் முதல் தடவையாக அவர் ஒரு தொழில் தெரிந்த மனிதரைப் போல இருந்தார்.

"பல்லுக்குக் கடி அச்சு எடுத்த மாதிரி இருக்கே. இங்க அடியே தெரியுது."

"அரை மில்லிமீட்டர் கூட இல்ல. உங்க கிளினிக்ல இப்படி இருந்தா மூடி அனுப்பிடுவீங்களா?"

"எப்படி அனுப்புறது? ரெண்டே நாள்ல பல்லு உடைஞ்சிடும்."

சொன்ன பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது. மனைவியைப் பார்த்தார். கடைக்காரர், அடிக்காத தொலைபேசியை எடுக்கப் போய்விட்டார்.

மண்டை ஓட்டைச் சுமந்தபடி டாக்டர் தட்டை இரண்டு முறை சுற்றி வந்தார். வந்து, மெதுவாகக் கேட்டார்.

"ஒண்ணாம் நம்பர்ல அந்தச் சத்தம் வருமா?"

"வராது."

"கொஞ்சம் கூடவா?"

"நான் வேணா பின்னாடி உக்காந்து கத்திட்டு வர்றேன்," என்றார் அந்த அம்மாள். "ஒண்ணையே போடுங்க தம்பி. இவர் ஒரு வாரம் கழிச்சு ஊளையிடட்டும்."

மருமகன் தலையாட்டினான். அலமாரியிலிருந்து ஒன்றாம் நம்பர் பெட்டியை எடுத்து வைத்தான். அவர்கள் போன பிறகு எஞ்சின் முன்னால் குந்தினான். முன் ஹெட்டின் நாலு போல்ட்டும் கச்சிதமாக இருந்தன. காலையில் அவற்றை இறுக்கும்போது கை கொஞ்சம்கூட நடுங்கவில்லை. அது அவனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.