முப்பத்திரண்டில் ஏழு

“முப்பத்திரெண்டுல ஏழு போனா எவ்ளோ?”

“முப்பத்தஞ்சு!” என்று மூன்றாம் வகுப்பு மொத்தமும் ஒரே குரலில் கத்தியது.

“இருந்தது முப்பத்திரெண்டு. அதுல ஏழ எடுத்துட்டேன். எடுத்தா கம்மியாவுமா, ஜாஸ்தியாவுமா?”

“கம்மியாவும் டீச்சர்.”

“அப்ப எவ்ளோ?”

“முப்பத்தஞ்சு!”

அருள்மொழி டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டாள். ரெண்டில் ஏழு போகாதல்லவா? அதனால் பிள்ளைகள் ஏழில் ரெண்டைப் போக்கி அஞ்சு என்று எழுதிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். மூன்று வாரமாக இதே கூத்து.

கல்வராயன் மலையில் அது ரெண்டு வாத்தியார் பள்ளிக்கூடம். அருள்மொழி ஒருத்தி, தலைமை ஆசிரியர் வெங்கடேசன் ஒருத்தர். தியாகதுருகத்திலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து, கச்சிராயபாளையத்தில் மலை பஸ்ஸுக்காக அரை மணி நேரம் நிற்பாள். அந்த அரை மணி நேரம்தான் அவளுக்குப் பாடத் தயாரிப்பு. எங்கெங்கோ இருக்கிற வாத்தியார்கள் போடுகிற கணக்கு ரீல்ஸையெல்லாம் போனில் இறக்கிக்கொள்வாள். மலை ஏறிவிட்டால் டவர் கிடையாது, போன் வெறும் டார்ச் லைட்தான்.

அன்றைக்கு இறக்கியதில் ஒன்று நன்றாக இருந்தது. பத்துப் பத்துக் குச்சியாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, ‘உதிரி போதவில்லையா, ஒரு கட்டை அவிழ்’ என்று ஒரு வாத்தியார் காட்டினார். இவள் பள்ளிக்கூடத்துத் துடைப்பத்தையே உருவி மூன்று கட்டும் இரண்டு உதிரிக் குச்சியும் ஆக்கித் தரையில் வைத்தாள்.

“இப்ப யாரு ஏழு குச்சி எடுத்துத் தருவீங்க?”

கடைசி வரிசையிலிருந்து ஷாலினி எழுந்து வந்தாள். ஜூன் மாதத்திலிருந்து வாயே திறக்காத பெண்.

“கட்ட அவுக்கணும் டீச்சர்” என்றாள். கேட்டுக்கொண்டிருக்கவில்லை, பல்லால் ரப்பர் பேண்டை இழுத்து அவிழ்த்துவிட்டாள். பத்தையும் ரெண்டையும் ஒன்றாக அள்ளிக்கொண்டு, ஒவ்வொரு குச்சியாகத் தள்ளி வைத்தாள்.

“லாபம், ரெண்டு, மூணு, நாலு…”

ஏழு வரை தள்ளினாள். மிச்சத்தைப் பார்த்தாள். மறுபடியும், “லாபம், ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. கட்டு ரெண்டு கீது. இருவத்தஞ்சு டீச்சர்.”

அருள்மொழிக்கு அந்த ‘லாபம்’ கேட்டுப் பழகிய சொல். அவள் அப்பா ராஜாங்கமும் களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று சொன்னவரில்லை. ஒன்று என்றால் ஒன்றோடு நின்றுவிடும் என்று லாபம் என்பார். இந்தப் பெண்ணின் அம்மா செல்லியம்மாள் ஊரார் களத்துக்குச் சாமை அளக்கப் போகிறவள். பிள்ளை களத்திலேயே எண்ணப் பழகியிருக்கிறது.

“இன்னொரு தடவை செய்யி கண்ணு” என்று போனை எடுத்தாள். கூச்சப்பட்டுக்கொண்டே செய்தாள் ஷாலினி.

சாயங்காலம் விறகுக் கட்டோடு பள்ளிக்கூடத்து வழியாகப் போன செல்லியம்மாளைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

“இத நெட்ல போடட்டுமா செல்லியம்மா?”

“அய்ய, அவளா இது! மூக்கு ஒழுவுது பாரு. தொடைச்சி வுட்டுப் புடிச்சிருக்கக் கூடாதா டீச்சரு?”

“போடட்டுமான்னு கேட்டேன்.”

“போடுங்க போடுங்க. எங்க மூஞ்ச எவன் பாக்கப் போறான்?”

மலை இறங்கியதும் போட்டாள். பிள்ளை செய்த கணக்கு நாலு பேருக்குத் தெரிய வேண்டும் என்றுதான் போட்டாள். தன் பக்கத்தை இருநூறு பேர்தான் பார்க்கிறார்கள், இதைப் போட்டாலாவது கூடாதா என்ற ஆசையும் கொஞ்சம் இருந்தது. இல்லையென்று சொல்ல முடியாது. ஆசிரியர் குழுவில் கைதட்டலாகக் குவிந்தது. ‘அருமை மேடம்’, ‘மலையின் முத்து’ என்றெல்லாம் வந்தது. இரண்டு நாள் அருள்மொழிக்குத் தரையில் கால் பாவவில்லை.

ஐந்தாம் நாள் வெங்கடேசன் சார் சின்னசேலத்திலிருந்து வரும்போதே முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்.

“அருள்மொழி டீச்சர், இத பாத்தீங்களா?”

கீழேயே போனில் இறக்கி வைத்திருந்தார். ஏதோ ஒரு கேலிப் பக்கம். ஷாலினியின் முகம்தான். ‘லாபம், ரெண்டு, மூணு’ வரைக்கும் வெட்டி எடுத்து, டமால் என்று ஒரு சத்தம், நாலு பேர் விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தம். மறுபடியும் ‘லாபம்’. மறுபடியும் சிரிப்பு. மேலே எழுத்து: ‘ஒன்னு தெரியாத பொண்ணு! இதான் கவர்மென்ட் ஸ்கூல் கணக்கு!’

“இருபத்தஞ்சு எங்க சார்? அவ விடை சொன்னாளே, அது எங்க?”

“அது எவனுக்கு வேணும்? பதினோரு லட்சம் பேர் பாத்துருக்கான்.”

“நான் போட்டத அழிச்சிடறேன் சார்.”

“நீங்க போட்டது உங்க வூட்டு விளக்கு டீச்சர். ஊரு பத்திக்கிச்சே, அத எந்த வாயால ஊதுவீங்க?”

அன்று சாயங்காலம் கச்சிராயபாளையத்தில் இறங்கியதுமே தன்னுடையதை அழித்தாள். கேலிப் பக்கத்துக்கு எழுதினாள்: ‘ஐயா, அது எட்டு வயசுக் குழந்தை. கணக்கைச் சரியாகத்தான் போட்டது. தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.’ பதில் உடனே வந்தது: ‘விளம்பரமா மேடம்? ரேட் அனுப்பட்டுமா?’ புகார் கொடுத்தாள். பரிசீலித்தோம், விதிமீறல் எதுவும் இல்லை என்று வந்தது. களத்தில் ஏன் லாபம் என்று எண்ணுகிறார்கள் என்று தானே பேசி ஒரு வீடியோ போட்டாள். அதை அறுபத்தொரு பேர் பார்த்தார்கள். அதில் மூன்று பேர் ‘லாபம்’ என்று எழுதிச் சிரித்து வைத்தார்கள்.

டவர் இல்லாத மலைக்கும் அது ஏறி வந்தது. கள்ளக்குறிச்சிக்கு மரவள்ளி ஏற்றிப் போனவர்கள் போனில் கொண்டுவந்தார்கள். ஐந்தாம் வகுப்பு அஜித், சத்துணவு வரிசையில் நின்றுகொண்டு, “ஏய் லாபம், தட்ட நவுத்து!” என்றான். அருள்மொழி அவன் காதைத் திருகினாள். “எங்க மாமாவே அப்பிடித்தான் கூப்புடுது டீச்சர்” என்று அவன் அழுதான். எத்தனை காதைத் திருகுவது?

மறுபடியும் கடைசி வரிசைக்குப் போய்விட்டாள் ஷாலினி.

“ஆபீஸ்லருந்து கேட்டா நான் இன்னா சொல்லுவேன்?” என்றார் வெங்கடேசன். “ஒன்னு பண்ணுங்க. அதே பொண்ண நிக்க வச்சு, ஒன்று, இரண்டுன்னு நூறு வரைக்கும் சொல்லச் சொல்லி ஒரு வீடியோ எடுங்க. அத போட்டுட்டா வாயடைச்சுடும்.”

“வேணாம் சார். பாவம்.”

“அவளுக்கு நல்லதுதானே டீச்சர்? தெரியும்னு ஊருக்குக் காட்டறோம்.”

அவளுக்கு நல்லது என்கிற வார்த்தையில்தான் அருள்மொழி விழுந்தாள். மறுநாள் பிள்ளைக்கு மூக்கைத் துடைத்து, தலை வாரி, வேப்பமரத்தடியில் நிறுத்தினாள்.

“சொல்லு கண்ணு. ஒன்று.”

ஷாலினி போனைப் பார்த்தாள்.

“போனப் பாக்காத, என்னப் பாரு. ஒன்று…”

உதடு பிரிந்தது, சத்தம் வரவில்லை. எதிரே பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றன. அருள்மொழி விரட்டிவிட்டு மறுபடி எடுத்தாள். மூன்றாவது தடவை, “ஒரு வார்த்தைடி! உனக்காகத்தானே இவ்ளோ பண்றேன்” என்று அதட்டிவிட்டாள். ஷாலினியின் காலடியில் மண் நனைந்தது. குனிந்து அதைப் பார்த்துவிட்டு, பையைக்கூட எடுக்காமல் வீட்டுக்கு ஓடினாள்.

அதற்குப் பிறகு அவள் வரவில்லை.

நாலாம் நாள் பையை எடுத்துக்கொண்டு அருள்மொழியே போனாள். வாசலில் செல்லியம்மாள் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே கதவுக்குப் பின்னால் ஒரு பாவாடை நுனி தெரிந்தது.

“வாங்க டீச்சரு. ஒக்காருங்க.”

“திட்டிடு செல்லியம்மா. உக்காரச் சொல்லாத.”

“திட்டி இன்னா ஆவப் போவுது? நீங்க கேட்டீங்க, நான்தான போடச் சொன்னேன்.” முறம் நிற்கவில்லை. “ஒன்னு கேக்கட்டுமா? அது எங்க கீது? எந்த ஊர்ல வச்சுக்கினு கீறாங்க? போயி கால்ல வுழுந்தா எடுத்துர மாட்டாங்களா? பஸ் செலவுக்கு நான் பாத்துக்கறேன்.”

“அது ஒரு எடத்துல இல்லம்மா.”

“அப்ப ரெண்டு எடமா?”

“நான் போட்டத அழிச்சிட்டேன், இங்க பாரு” என்று காட்டுவதற்காக அருள்மொழி போனை வெளியே எடுத்தாள். கதவுக்குப் பின்னாலிருந்த பாவாடை சரக்கென்று மறைந்தது. உள்ளே பானை ஒன்று உருண்டது.

“உள்ள வையுங்க டீச்சரு” என்றாள் செல்லியம்மாள். முதல் தடவையாகக் குரல் கொஞ்சம் கடுத்திருந்தது. “அவங்க அப்பா வந்துகினு கீறாரு. பெங்களூருல சித்தாளு வேலைக்குப் போன எடத்துல, ‘லாபத்தோட அப்பன்’னு கூப்புட்டானுங்களாம். ஒருத்தன சிமெண்டுக் கரணையால அடிச்சிட்டாரு. வேற மேஸ்திரிகிட்ட சேந்துட்டாராம். பொண்ண இட்டுக்கினு போயிடறேன்னு ஆளு மூலமா சொல்லி அனுப்பிச்சாரு.”

“அனுப்பாத செல்லியம்மா. நாலு நாள்ல ஜனங்க மறந்துடும். புள்ள கணக்குல புலி.”

“புலிதான். பள்ளிக்கூடத்துப் பேர எடுத்தாலே ஒன்னுக்குப் போயிடுது. நான் இன்னா பண்ணட்டும், சொல்லுங்க?”

பையைத் தாழ்வாரத்தில் வைத்துவிட்டு வந்தாள் அருள்மொழி.

திங்கட்கிழமை காலையில் கச்சிராயபாளையத்தில் அவள் மலை பஸ்ஸுக்கு நிற்கும்போது, மலையிலிருந்து கீழே வந்த பஸ் எதிரில் வந்து நின்றது. டிரைவர் டீக்கு இறங்கினார். பின்னாலேயே ஷாலினியின் அப்பா முனியன் இறங்கினான். ஜன்னலோரம் ஷாலினி.

அருள்மொழி ஓடினாள். “முனியன், ஒரு நிமிஷம். அவள வுட்டுட்டுப் போங்க. நான் எங்க வூட்டுக்கே கூட்டிக்கினு போறேன். தியாகதுருகத்துல சேத்துப் படிக்க வைக்கிறேன்.”

“தியாகதுருகத்துல போனு இல்லீங்களா?” என்றான் முனியன். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

“பெங்களூர்ல எந்த எடம்? பேரச் சொல்லுங்க, பக்கத்துல தமிழ் ஸ்கூல் விசாரிக்கிறேன்” என்றாள்.

“பேரு எனக்கு இன்னா தெரியும்ங்க? மேஸ்திரி வண்டி வச்சு இட்டுக்கினு போவாரு. அங்க மூணு மாசம், அப்பால வேற எடம்.”

“உங்க நம்பராவது குடுங்க.”

“போனு ஏது? அன்னிக்கே கல்லுல போட்டு ஒடச்சிட்டேன்.”

பாடக் குறிப்பேட்டில் ஒரு தாளைக் கிழித்து, தன் நம்பரை எழுதி நீட்டினாள். மரியாதைக்காக வாங்கி, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவன் டீக்கடைப் பக்கம் போனான். அருள்மொழி ஜன்னலுக்கு வந்தாள்.

“டீச்சர்.”

அந்தக் குரலைக் கேட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது.

“சொல்லு கண்ணு.”

“பெங்களூர்ல எல்லார்கிட்டயும் போன் இருக்குமா?”

டிரைவர் வந்து ஏறிவிட்டார். முனியன் டம்ளரை வைத்துவிட்டு ஓடிவந்து தொற்றிக்கொண்டான். கண்டக்டர் விசில் கொடுத்தார். ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நாலு எட்டு கூடவே நடந்தாள் அருள்மொழி. இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

“இருக்கும்மா” என்று வந்தது.

ஷாலினி தலையை ஆட்டிக்கொண்டாள். மடியிலிருந்த அம்மாவின் பழைய துண்டை எடுத்து, முகம் மறையத் தலையோடு போர்த்திக்கொண்டாள். வெயில் அந்தப் பக்கம் இல்லை.