இரண்டாவது சொட்டு

அப்பாவின் அடையாள அட்டையைத் தேடித்தான் அவள் கட்டிலோரத்து மேசையின் இழுப்பறையைக் குடைந்துகொண்டிருந்தாள். மரணத்தைப் பதிவு செய்ய அட்டை வேண்டுமென்று தம்பி மூன்றாவது தடவையாக வந்து கதவோரம் நின்றான்.

"இருக்கா இல்லையாக்கா?"

"இருந்தா தர மாட்டேனா? நீ போய் வந்தவங்களுக்கு நாற்காலி போடு."

அட்டை அகப்படவில்லை. கறுப்பு ஜிப் பைதான் கைக்கு வந்தது. அவள் வாங்கிக் கொடுத்த பை. உள்ளே சர்க்கரை பார்க்கிற மிஷின், சொட்டு ரத்தம் வைக்கிற பட்டைகள் அடைத்த குப்பி, விரலில் குத்துகிற பேனா, கோடு போட்ட சின்ன நோட்டு. நோட்டின் அட்டையில் அப்பாவின் பெயர், அவருடைய கொட்டை எழுத்தில்.

கடைசிப் பக்கத்தைப் பார்த்தாள். நேற்றுக் காலை, 112.

நேற்று மத்தியானம் இரண்டாம் ஷிப்டுக்குக் கிளம்பி, பஸ்ஸுக்காக நின்றவர், நிறுத்தத்துப் பலகையில் அப்படியே சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் அரை மணி நேரம் உயிர் ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது அதுவும் இல்லை. டாக்டர் அவளைத் தனியே அழைத்தார்.

"ஹார்ட் அட்டாக். கொண்டு வரும்போது சர்க்கரை நானூத்திப் பத்தும்மா. ரொம்ப நாளாவே கட்டுப்பாட்டுல இருந்த மாதிரி தெரியல. வீட்டுல யாரும் பாக்கறதில்லையா?"

யாரும் பார்ப்பதில்லையா என்று அவளைப் பார்த்துக் கேட்டார். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினோரு வருஷமாக அடுத்தவர் ரத்தத்தைக் குழாயில் பிடித்து எண்ணாக்கி அனுப்புகிறவளை. தினமும் காலை ஆறே காலுக்குப் புருஷன் வீட்டிலிருந்து அப்பாவுக்குப் போன் போடுகிறவளை.

"எவ்வளவுப்பா?"

"நூத்திப் பதினாலு மேடம். பாஸா, ஃபெயிலா?"

"பாஸ்."

"அப்ப ஆளை விடுங்க."

எட்டு மாதமாக அவர் ஒருநாள்கூட ஃபெயில் ஆகவில்லை.

அவள் குப்பியிலிருந்து ஒரு பட்டையை எடுத்து மிஷினில் சொருகினாள். தன் விரலில் குத்திக்கொண்டாள். 94. நேற்றிலிருந்து தண்ணீரைத் தவிர எதுவும் இறங்காத வயிற்றுக்குச் சரியான எண். மிஷின் பொய் சொல்லவில்லை. அப்படியானால் பொய் சொன்னது யார்?

பரிசோதனைக் கூடத்துப் பெரியவர் அவளை வேலைக்குச் சேர்த்த அன்று சொன்ன முதல் பாடம் அது. 'எண்ணைப் பாக்கறதுக்கு முன்னாடி குழாய்ல ஒட்டின பேரைப் பாரு. ரத்தம் ஒருத்தரோடது, பேரு இன்னொருத்தரோடது, அதுதான் இந்தத் தொழில்ல கொலை.'

மிஷினில் பழைய கணக்கைக் காட்டும் பொத்தானை அழுத்தினாள். அவளுடைய 94க்கு அடுத்து, நேற்று 6.05, 112. சரி. இன்னொரு தடவை அழுத்தினாள். நேற்று 6.03, 291.

முந்தாநாள் 6.04, 108. முந்தாநாள் 6.02, 274.

அழுத்திக்கொண்டே போனாள். ஒவ்வொரு காலையும் இரண்டு சொட்டு. முதலாவது உயரத்தில், இரண்டாவது தரையில். நோட்டில் ஏறியதெல்லாம் இரண்டாவது. முதல் தடவை கையைச் சரியாகக் கழுவாமல் பார்த்திருப்பார் என்று நம்பிப் பார்த்தாள். கையில் ஒட்டிய சர்க்கரை ஒருநாள் எண்ணைக் கெடுக்கும். எட்டு மாதமா கெடுக்கும்?

தம்பியைச் சாடை காட்டி உள்ளே கூப்பிட்டாள்.

"நீ இந்த மிஷின்ல பாத்துக்குவியா?"

"நானா? பள்ளிக்கூடத்துல தடுப்பூசி போட வந்தப்ப சுவரேறிக் குதிச்சவன்க்கா நான்."

"காலைல ஆறு மணிக்கு இந்த ரூம்ல வேற யாரு இருப்பா?"

"காலைல ஆறு மணின்னு ஒண்ணு இருக்கறதே எனக்குத் தெரியாது. ஏன், என்ன இப்ப?"

"ஒண்ணுமில்ல. போ."

அவன் போனபின்னும் அவன் முகத்தையே மனதில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சின்ன வயதிலிருந்தே அவனுக்குப் பொய் சொன்னால் காது சிவக்கும். சிவக்கவில்லை.

முன்னறையில் அத்தையின் குரல் ஏறிக்கொண்டிருந்தது. அப்பாவின் அக்கா. அழுகையும் விசாரணையும் அவளுக்கு ஒரே மூச்சில் வரும்.

"சர்க்கரைக்காரன்னு தெரியுமில்ல? முந்தாநாள் ராத்திரி என்ன போட்டே அவனுக்கு?"

"வழக்கமா போடறதுதான் அண்ணி." அம்மா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். கைகள் மடியில், ஒன்றுக்குள் ஒன்றாக.

"வழக்கமா என்ன போடுவேன்னுதான் கேக்கறேன்."

அம்மா கைகளை மடிக்குள் இன்னும் இழுத்துக்கொண்டாள். அம்மாவை மகள் கதவோரமிருந்து பார்த்தாள். எத்தனையோ நோயாளிகளை அப்படிப் பார்த்திருக்கிறாள். சாப்பிட்டுவிட்டு வெறும் வயிறு என்று சாதிப்பவர்கள் இப்படித்தான் கையை மடியில் ஒளித்துக்கொள்வார்கள்.

அப்போது கிடங்கிலிருந்து நாலைந்து பேர் வந்தார்கள். அப்பா அங்கே கிரேன் ஓட்டுகிறவர். அறுபதடி உயரத்துக் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து, கீழே எறும்பாக நிற்பவர்களின் தலைக்கு மேலே பெட்டிகளைத் தூக்கி வைப்பவர். அவர்கள் அவரை 'மாடி வீட்டுக்காரர்' என்பார்கள். சூப்பர்வைசர் அவளிடம் வந்து நின்றார்.

"லேப்ல இருக்கற பொண்ணு நீங்கதானம்மா? மாடி வீட்டுக்காரர் வாய் ஓயாம உங்களைப் பத்தித்தான் சொல்லுவாரு. மாசாமாசம் மெடிக்கல் ரூம்ல நோட்டைக் காட்டுவாரு. ஒரு நம்பர்கூடத் தப்பாது. 'எம் பொண்ணு போட்ட கட்டுப்பாடு'ம்பாரு."

"நோட்டை அங்கயும் காட்டணுமா?"

"காட்டாம? இன்சுலின் ஊசி போடற நிலைமைக்குப் போயிட்டா மேல ஏத்த மாட்டாங்களே. தலை சுத்தினா கீழ இருக்கறவன் கதி என்ன? இறக்கி, வாசல்ல சீட்டு எழுத உக்காத்தி வெச்சுடுவாங்க." அவர் குரலைத் தாழ்த்தினார். "அதுக்கு உயிரையே விட்டுடுவேன்பாரு. பாவம், கடைசி வரைக்கும் மேலயே இருந்துட்டாரு."

அவள் இழுப்பறைக்குத் திரும்பி நோட்டின் முதல் பக்கத்தைத் திறந்தாள். முதல் எட்டு நாள் 230, 246, 239 என்று போய் 252 வரைக்கும் ஒற்றை எண். எட்டாம் நாள் அவள்தான் போனில் கத்தினாள். 'இனிமே இருநூறைத் தாண்டினா ஊசிதாம்பா. நானே உங்க மெடிக்கல் ரூமுக்கு வந்து சொல்லிடுவேன்.' ஒன்பதாம் நாள் 118. மிரட்டினால் இறங்குகிறது பார் என்று புருஷனிடம் பெருமை அடித்துக்கொண்டாள். மூன்று மாதச் சராசரி காட்டும் பரிசோதனைக்கு வரச் சொல்லி மூன்று தடவை கூப்பிட்டாள். 'ஷிப்ட் மாறுதும்மா' என்று மூன்று தடவையும் நழுவினார். அவளும் விட்டுவிட்டாள். பிடித்த எண்ணாக இருந்தால் யாரும் பெயரைப் பார்ப்பதில்லை.

பக்கத்து வீட்டுக்காரி டீ போட்டுக் கொண்டு வந்து வைத்திருந்தாள். மகள் ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு போய் அம்மாவிடம் நீட்டினாள். அம்மா இடது கையால் வாங்கினாள். நான்கு விரல் டம்ளரைப் பிடித்தது. மோதிர விரல் மட்டும் சூடு படாமல் விலகி நின்றது.

"கையைக் காட்டும்மா."

"என்னத்துக்கு?"

"காட்டு."

விரல் நுனியின் இரு ஓரத்திலும் கடுகு தூவியதுபோல் கரும்புள்ளிகள். அவள் அம்மாவை எழுப்பிச் சமையலறைக்குக் கூட்டிப் போனாள்.

"எத்தனை நாளா இது?"

"அது ஆச்சு, ஏழெட்டு மாசம். 'உனக்கும் வயசாகுது, ரெண்டு பேருமா பாத்துக்குவோம்'னாரு." அம்மா விரலைப் புடவைத் தலைப்பில் மூடிக்கொண்டாள். "முதல்ல அவருக்குப் பாப்பாரு. அப்புறம் எனக்கு. பஞ்சால தொடைச்சு, ஊதிவிட்டுத்தான் குத்துவாரு. 'வலிக்குதா'ன்னு கேப்பாரு. கல்யாணத்தன்னிக்குப் பிடிச்ச கை. நடுவுல மறந்தே போயிட்டாரு. அப்புறம் இதுக்குத்தான் பிடிச்சாரு."

"உன் நம்பரை எதுல எழுதுவாரு?"

அம்மா அடுப்பு மேடையில் சிந்தியிருந்த டீயைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே இன்னொரு தடவை துடைத்தாள்.

"கண்ணாடி இல்லாம எனக்கு என்ன தெரியும்?"

பேப்பரில் இழவுச் செய்திவரை ஒரு வரி விடாமல் படிக்கிறவள் அம்மா. மகள் வாயைத் திறந்தாள். அதற்குள் முன்னறையிலிருந்து அத்தை கூப்பிட்டாள்.

"ஏண்டி, நோட்டு ஒண்ணு வெச்சிருந்தானாமே. கொண்டா. இத்தனை பேரு இருக்கும்போதே பாத்துடுவோம். அப்பதான் இவ என்ன ஆக்கிப் போட்டான்னு தெரியும்."

கையிலிருந்த நோட்டோடு மகள் முன்னறைக்கு வந்தாள். அத்தை பிடுங்காத குறையாக வாங்கி, எட்டப் பிடித்துப் படித்தாள்.

"நூத்திப் பன்னெண்டு. நூத்தி எட்டு. எல்லாம் நல்லாத்தானே இருக்கு? ஆஸ்பத்திரில நானூறுன்னு சொன்னாங்களாமே. அது எப்படி?"

நாற்காலிகள் எல்லாம் திரும்பின. சூப்பர்வைசர் தலை நிமிர்த்தினார். அம்மா மறுபடியும் தலைமாட்டில் போய் உட்கார்ந்து, கையைக் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"மிஷின் பழுது அத்தை" என்றாள் மகள். "தப்பாக் காட்டியிருக்கு. நான் வாங்கிக் கொடுத்த மிஷின். நான்தான் சரி பாக்காம விட்டுட்டேன்."

"லேப்ல உக்காந்துக்கிட்டு இதைக்கூடப் பாக்கலைன்னா, நீ படிச்ச படிப்பு என்னத்துக்குடி?"

"ஒண்ணுத்துக்கும் இல்ல அத்தை."

அன்று முழுவதும் நிமிராத அம்மா அப்போதுதான் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, அப்பாவின் மேல் போர்த்தியிருந்த துணியின் ஓரத்தை நீவி விட்டாள். மாலையில் அவரைக் கொண்டு போனார்கள்.

மறுநாள் காலை வீட்டில் நாற்காலிகளை எடுத்துப் போகும் சத்தம்கூட இன்னும் தொடங்கவில்லை. தம்பி கூடத்தில் சுருண்டு கிடந்தான். அப்பாவின் மேசையருகே விழித்தபடி உட்கார்ந்திருந்தாள் மகள். கடிகாரம் ஆறைத் தாண்டியபோது குளியலறையில் தண்ணீர் சத்தம் கேட்டது. அம்மா சோப்புப் போட்டுக் கை கழுவி, துண்டில் துடைத்துக்கொண்டே வந்தாள். கட்டிலில் அவள் எப்போதும் உட்காரும் இடம் தெரிந்தது. மெத்தை அங்கே கொஞ்சம் பள்ளமாக இருந்தது. அதில் உட்கார்ந்து, இடது கையை நீட்டினாள். மோதிர விரல் முன்னால் நின்றது.

மகள் ராத்திரி முழுக்க அடுக்கி வைத்திருந்த கேள்விகளில் முதலாவதைத் தேடினாள். அம்மா கையை மடக்கவில்லை.

மகள் பையைத் திறந்தாள். பஞ்சால் துடைத்தாள். ஊதிவிட்டாள். குத்தினாள்.

"வலிக்குதாம்மா?"

"இல்ல. எவ்வளவு?"

"நூத்தி ஒம்போது."

மகள் நோட்டை எடுத்து, அட்டையிலிருந்த பெயரின் மேல் கொஞ்ச நேரம் கையை வைத்திருந்தாள். பிறகு வேறு காகிதம் இருக்கிறதா என்று இழுப்பறைக்குள் பார்த்தாள்.

"என்னத்தைத் தேடற? அதுலயே எழுது" என்றாள் அம்மா. "எப்பவும் அதுலதானே எழுதுவாரு."

மகள் கடைசிப் பக்கத்தைத் திறந்து, 112க்கு நேர் கீழே பேனாவை வைத்தாள்.

"ஒரு வரி விட்டு எழுது. நேத்துப் பாக்கலையே."

அம்மாவின் கண்ணாடி முன்னறை அலமாரியில், மடித்த பேப்பரின் மேல் இருந்தது. மகள் ஒரு வரி விட்டு, தேதி போட்டு, 109 என்று எழுதினாள். அம்மாவின் விரலில் சொட்டு மறுபடியும் துளிர்த்தது. அம்மா அதைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மை காய்கிறவரைக்கும் காத்திருந்தாள்.