வரவேற்கிறோம், ஊக்குவிக்கிறோம்

சஃப்ரினுக்கு வாய்தான் பிழைப்பு. தென்காசியில் பிறந்து, பாளையங்கோட்டையில் ஆங்கிலம் படித்து, சென்னைக்குப் போய் மொழிபெயர்ப்பாளர் ஆனவள். பெரிய கூட்டங்களில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, மேடையில் ஒருவர் பேசப் பேச அதை இன்னொரு மொழியில் மைக்கில் சொல்லவேண்டும். தண்ணீர், காடு, பருவநிலை, பெண்கள் என்று உலகத்தில் எதையெல்லாம் காப்பாற்ற வேண்டியிருந்ததோ அதற்கெல்லாம் கூட்டம் நடந்தது. அங்கெல்லாம் அவளையும் கூப்பிட்டார்கள். ஜெனீவாவுக்குக்கூட ஒரு தடவை போய்வந்தாள். அப்படி ஒரு கூட்டம் தன் ஊருக்கே வருகிறது என்று இத்ரீஸ் போன் செய்தபோது அவளுக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. உம்மாவிடம் சொல்லி ஒரு வாரம் வீட்டில் தங்கிக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டாள்.

இத்ரீஸ் கடையநல்லூர்க்காரன், அவளோடு கல்லூரியில் படித்தவன். நீடித்த வளர்ச்சிக்காக ஆசிய நாடுகளைக் கூட்டிவைத்துப் பேசவைக்கும் ஒரு மன்றத்தில், டெல்லியில் வேலை பார்த்தான். அந்த வருஷம் பேச்சு தண்ணீரைப் பற்றியது. அருவி விழுகிற ஊரில், சாரல் காலத்தில் நடத்தினால் எப்படி இருக்கும் என்று யோசனை சொன்னவனே அவன்தான். மேலகரத்துக்கும் இலஞ்சிக்கும் நடுவில், தென்னந்தோப்பை வெட்டிக் கட்டிய ஒரு புது ரிசார்ட் மொத்தமாக எடுக்கப்பட்டது.

முதல் நாள் காலையில் ஆட்டோக்காரர் வழி தெரியாமல் அவளை ரிசார்ட்டின் பின்பக்க வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். சுவரை ஒட்டி நடந்தவள் பாதியில் நின்றாள். சுவரின் அடியில் தொடை பருமனுக்கு ஒரு குழாய் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதிலிருந்து சாம்பல் நிறத்தில் தண்ணீர் கொழகொழவென்று வாய்க்காலுக்குள் விழுந்தது. சோப்பு நுரையின்மேல் சோற்றுப் பருக்கை மிதந்தது. முடிச்சுருள், எண்ணெய்ப் படலம், பிள்ளைகளுக்குக் கட்டிவிடுகிற நாப்கின் ஒன்று, அதற்குப் பின்னால் பேர் சொல்ல முடியாத மற்றதெல்லாம். வாய்க்கால் ஓரத்துப் புல் கறுத்துச் செத்திருந்தது. துப்பட்டாவை மூக்கில் அழுத்திக்கொண்டு ஓடினாள். முன்வாசலுக்குள் நுழைந்ததும் எலுமிச்சைப் புல் வாசனை வந்தது. தாழ்வாரம் முழுக்க அந்த எண்ணெயைப் புகையவிட்டிருந்தார்கள். அந்த வாசனைதான் அவளுக்குக் குமட்டலைக் கூட்டியது. கழிப்பறைக்குப் போய் வாய் கொப்பளித்துவிட்டு வந்தாள். தான் கொப்பளித்த தண்ணீரும் அந்தக் குழாய்க்குத்தான் போகிறது என்பது கூண்டுக்குள் போய் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

மண்டபத்தின் கடைசி வரிசையில் பத்துப் பதினைந்து பெண்கள் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சுற்றுவட்டார மகளிர் குழுக்களிலிருந்து ‘சமூகத்தின் குரல்’ என்று அழைத்துவரப்பட்டவர்கள். அவர்களுக்குத் தமிழில் சொல்வதும், அவர்கள் பேசினால் ஆங்கிலத்தில் சொல்வதும்தான் சஃப்ரினின் வேலை. இடைவேளையில் போய்ப் பேச்சுக் கொடுத்தாள். குழுவின் தலைவி ஆனந்தவள்ளி, இலஞ்சிக்காரி, ஐம்பது வயதிருக்கும். நல்ல சத்தமான பேச்சு. அந்தக் குழாய்க்கு நேர் கீழேதான் அவளுடைய வயல் என்று தெரிந்தது.

ரிசார்ட் திறந்த வருஷத்திலிருந்து அந்தத் தண்ணீர்தான் வயலுக்குப் பாய்கிறதாம். மேனேஜரிடம் போனார்கள், ஆபீஸ் ஆபீஸாக ஏறினார்கள், எல்லா இடத்திலும் பார்க்கிறோம் என்றுதான் சொன்னார்கள். இப்போது வெளிநாட்டுக்காரர்களே தண்ணீரைப் பற்றிப் பேசத் தேடி வந்திருக்கிறார்கள், இதற்குமேல் யார் இருக்கிறார்கள் என்றாள் ஆனந்தவள்ளி. அந்த நம்பிக்கையைப் பார்க்க சஃப்ரினுக்கு என்னவோபோல் இருந்தது. 

மறுநாள் ஆனந்தவள்ளியை மேடைக்குக் கூப்பிட்டார்கள். குழு எப்படி முன்னேறியது என்று பேசும்படி இத்ரீஸ் சொல்லிக்கொடுத்திருந்தான். அவள் அதையெல்லாம் பேசவில்லை.

“நாத்து நடுததுக்கு இந்த வாய்க்கால் தண்ணியிலதான் நிக்கோம். சாயங்காலம் கரையேறினா முட்டங்கால் வரைக்கும் வெந்து போயிருக்கு. சீழு வைக்கு. எங்க வயலுக்கு வேலைக்கு வர எவளும் சம்மதிக்க மாட்டேங்கா. அந்தத் தண்ணி வேற எங்கனயிருந்தும் வரல, நீங்க தங்கியிருக்கிய பாருங்க, இந்தக் கட்டடத்துலயிருந்துதான் வருது. நேத்து நீங்க குளிச்ச தண்ணி இன்னைக்கு எங்க வயல்ல நிக்கி.”

சஃப்ரின் ஒரு சொல் குறைக்காமல் ஆங்கிலத்தில் சொன்னாள். ‘சீழ்’ வந்த இடத்தில் அதற்குரிய ஆங்கிலச் சொல்லையே போட்டாள்.  மண்டபத்தில் எல்லோரும் கை தட்டினார்கள். கூட்டத்தை நடத்திய அம்மாள் கண்ணை ஒற்றிக்கொண்டு, நெஞ்சைத் தொட்ட சாட்சியம் என்றார். இடைவேளையில் பலர் வந்து ஆனந்தவள்ளியோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் அவளுடைய கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உங்கள் மனவலிமை எங்களுக்குப் பாடம் என்றார். அதையும் சஃப்ரின் தமிழில் சொன்னாள்.

சாயங்காலம் வரைக்கும் தீர்மானத்தின் வாசகம் பற்றிய விவாதம். கழிவுநீரைச் சுத்திகரித்தே வெளியேற்ற ‘உறுதி அளிக்கிறோம்’ என்று முதலில் இருந்தது. ஒரு நாட்டுக்காரர் எழுந்து உறுதி என்ற சொல் தங்களுக்குச் சிக்கல் என்றார். ‘முயற்சி எடுப்போம்’ என்று மாற்றினார்கள். முயற்சி என்றால் நிதி ஒதுக்க வேண்டிவரும் என்றார் இன்னொருவர். ‘ஊக்குவிக்கிறோம்’ ஆனது. யாரை என்ற கேள்வி வந்தது. தேநீரும் வாழைக்காய் பஜ்ஜியும் வந்தன. எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார்கள். கடைசியில், ‘உரியவர்கள், தத்தம் சூழலுக்கு ஏற்ப, இயன்ற இடங்களில் பரிசீலிக்குமாறு ஊக்குவிக்கிறோம்’ என்று முடிந்தது. உள்ளூர்ப் பெண்களின் மனவலிமையை வரவேற்கிறோம் என்று ஒரு வரி புதிதாகச் சேர்ந்தது. இதே போன்ற வாசகங்களை வருஷக்கணக்காக வாயில் போட்டுத் துப்பியவள்தான் சஃப்ரின். அன்றைக்கு ஒவ்வொரு சொல்லும் ஊசிப்போன சோறுபோல நாக்கில் ஒட்டியது.

வெளியே வந்தபோது ஆனந்தவள்ளி வாசலில் காத்திருந்தாள். மற்ற பெண்கள் வேனில் ஏறிவிட்டிருந்தார்கள்.

“ஏ பிள்ள, ஒண்ணு கேக்கேன், தப்பா எடுத்துக்கிடாத. நான் சொன்னத நீ அப்படியேதான அவங்ககிட்டச் சொன்ன?”

“ஆமாக்கா. அப்படியேதான் சொன்னேன்.”

“இல்ல, கை தட்டினாவளா, அதான் கேட்டேன். புரிஞ்சிருந்தா எப்படித் தட்டுவாவ?”

 இத்தனை வருஷத்தில் அவள் வேலையை யாரும் சந்தேகப்பட்டதில்லை. இந்தப் பொம்பளை சந்தேகப்பட்டதில் ஒரு நியாயம் இருந்தது என்பதுதான் அவளைச் சுட்டது. அன்றைக்கு வீட்டுக்குப் போய் உம்மா எடுத்துவைத்த இடியாப்பத்தைத் தொடாமல் படுத்துவிட்டாள்.

கடைசி நாள் காலையில் இத்ரீஸ் கூண்டுக்கே வந்து நின்றான். நேற்று ஆனந்தவள்ளி பேசியதைக் கொஞ்சம் மென்மையாகச் சொல்லியிருக்கலாம், இடம் கொடுத்த ரிசார்ட்காரர் வருத்தப்படுகிறார், இன்றைக்கு அவருக்கு ‘நீரின் நண்பர்’ விருது வேறு இருக்கிறது, ஏதாவது நடந்துவிடக் கூடாது என்றான். அவன் பேசும்போது அவன் சட்டையிலிருந்தும் அந்த எலுமிச்சைப் புல் நாற்றம் வந்தது. சஃப்ரினுக்கு அது இப்போது நாற்றமாகவே ஆகிவிட்டிருந்தது. சரி என்று மட்டும் சொன்னாள்.

விருது கொடுத்தார்கள். ரிசார்ட்காரர் தண்ணீர் நம் தாய் என்று பேசினார். பிறகு தீர்மானம் வாசிக்கப்பட்டது. கடைசி வரிசைப் பெண்கள் காதில் கருவியை மாட்டிக்கொண்டார்கள். சஃப்ரின் மைக்கைத் திறந்தாள். முதல் இரண்டு பத்தியை வழக்கம்போல் சொன்னாள். கழிவுநீர் பற்றிய பத்தி வந்ததும் ஒரு கணம் நிறுத்தினாள். பிறகு வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து செய்யாத ஒன்றைச் செய்தாள். மேடையில் படித்த சொற்களை விட்டுவிட்டு, அதன் அர்த்தத்தைச் சொன்னாள்.

“அக்கா, நீங்க சொன்னது இவங்களுக்கு நல்லாப் புரிஞ்சிருக்கு. ஒண்ணும் செய்யப் போறதில்லைன்னு சொல்லுதாங்க. செய்யணும்னு யாரையும் சொல்லவும் மாட்டாங்களாம். முடிஞ்சா யோசிச்சுப் பாருங்கன்னு யாருக்கோ எழுதி வச்சிருக்காங்க. நீங்க தைரியமான பொம்பளைங்கன்னு ஒரு வரி போட்டிருக்கு. அவ்வளவுதான்.”

ஆனந்தவள்ளி காதுக்கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். பக்கத்தில் இருந்த குழுக்காரி பேராச்சியிடம் என்னவோ சொன்னாள். ஒவ்வொருவராக எழுந்தார்கள். கடைசி வரிசை முழுவதும் எழுந்து நிற்பதை மேடையிலிருந்த அம்மாள் பார்த்தார். முகம் மலர்ந்துபோயிற்று. தீர்மானத்துக்கு உள்ளூர்ப் பெண்கள் எழுந்து நின்று மரியாதை செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு அவரும் எழுந்தார். மண்டபமே எழுந்து கை தட்டியது. படம் பிடிக்கிறவர் ஓடிவந்து படம் எடுத்தார். அந்தக் கைதட்டலுக்கு நடுவில் பெண்கள் வரிசையாக வெளியேறினார்கள்.

நேரே பின்பக்கம்தான் போனார்கள். வயல் வரப்புக்காக வைத்திருந்த மண் மூட்டைகளைப் பேராச்சியின் மகன் டிராக்டரில் கொண்டுவந்து போட்டான். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பெண்கள் வாய்க்காலில் இறங்கினார்கள். ஆளுக்கொரு மூட்டையாகக் குழாய்க்குள் திணித்து, இடுக்கில் களிமண்ணை அப்பி, மேலே கல்லை அடுக்கினார்கள். எந்த அவசரமும் இல்லை. வரப்பில் உடைப்பு எடுத்தால் அடைப்பார்களே, அப்படி அடைத்தார்கள்.

மதியச் சாப்பாடு புல்தரையில் போட்டிருந்தது. பாயசம் பரிமாறும்போது தரையில் சாக்கடை வாயை மூடியிருந்த இரும்புச் சல்லடை ஒன்று லேசாகக் கொப்பளித்தது. முதலில் நுரை வந்தது, அதன் பின்னாலேயே மற்றதும் வந்தது. புல்லுக்குமேல் சாம்பல் நிறமாகப் பரவி, விரித்த துணியின் விளிம்பைத் தொட்டு, நாற்காலிக் காலைச் சுற்றியது. ஒரு நாட்டுப் பிரதிநிதியின் வெள்ளைக் காலணி அதில் முங்கியது. அவர் குனிந்து பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு ஓடினார். எல்லோரும் ஓடினார்கள். தங்களுடைய சொந்தக் கழிவைப் பார்த்து அவர்கள் பட்ட அருவருப்பைச் சஃப்ரின் தூணோரம் நின்று பார்த்தாள்.  கண்ணை எடுக்கவில்லை.

போலீஸ் வந்தது. வந்தவர்களில் சுபாஷ் என்ற காவலர் ஆனந்தவள்ளியின் அண்ணன் மகன். மூட்டைகளை எடுக்கச் சொல்லி மேனேஜர் கத்தினார். ரிசார்ட் பையன்கள் வாய்க்காலை எட்டிப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினார்கள். இன்ஸ்பெக்டர் சுபாஷைப் பார்த்தார்.

“ஐயா, சஸ்பெண்டு வேணா பண்ணுங்க. இதுக்குள்ள நான் இறங்க மாட்டேன்,” என்றான் சுபாஷ்.

கரையில் உட்கார்ந்திருந்த ஆனந்தவள்ளி அவனை நிமிர்ந்து பார்த்தாள். “நாங்க தெனமும் இறங்குதோம்லே,” என்றாள். 

அந்தக் குழாயில் கை வைக்க ஊரில் ஒருத்தரும் கிடைக்கவில்லை. விருந்தினர்களை இருட்டுவதற்குள் மதுரைக்கு அனுப்பினார்கள். சாரல் சீசன் உச்சத்தில் இருக்கும்போது ரிசார்ட்டைப் பூட்டும்படி ஆயிற்று. பெண்கள்மேல் வழக்குப் போட்டார்கள், ஸ்டேஷனுக்கு இழுத்தடித்தார்கள். ஆனால் மூட்டையை எடுக்கப் பெண்கள் சம்மதிக்கவில்லை. முடிவில் ரிசார்ட்காரர் இறங்கிவந்து, சுத்திகரிப்புத் தொட்டி கட்டினார். தொட்டி ஓடத் தொடங்கிய பிறகே குழாய் திறந்தது. அப்போதும் வாய்க்கால் தண்ணீர் தெளியவில்லை, லேசான வாடை இருந்தது. கால் வேகுவது மட்டும் நின்றது என்று ஆனந்தவள்ளி போனில் சொன்னாள். வழக்கு இன்னும் நடந்துகொண்டிருந்தது.

தை மாதத்தில், சென்னைக்குத் திரும்பியிருந்த சஃப்ரினுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. மன்றத்தின் ஆண்டறிக்கை. அதில் ஒரு அத்தியாயத்தைத் தமிழாக்கித் தரமுடியுமா என்று எதுவுமே நடக்காததுபோல் இத்ரீஸ் கேட்டிருந்தான். அத்தியாயத்தின் முகப்பில் பெண்கள் எழுந்து நிற்கும் அந்தப் படம். தென்காசித் தீர்மானத்தின் நேரடி விளைவாக, விருந்தோம்பல் துறையினரும் உள்ளூர்ப் பெண்களும் கைகோத்து உருவாக்கிய சுத்திகரிப்பு நிலையம், பிற நாடுகள் பின்பற்றத்தக்க முன்மாதிரி என்று அதில் இருந்தது.

சஃப்ரின் ஆனந்தவள்ளிக்குப் போன் போட்டு அதைத் தமிழில் படித்துக் காட்டினாள். 

“பீத்தண்ணிக்குள்ள கைய விட்டது நாங்க. இவுக எங்கன வந்து கைகோத்தாவ?” என்றாள் ஆனந்தவள்ளி. பிறகு, “இத நீ எழுதிக் குடுக்கப் போறியா?” என்று கேட்டாள்.

“மாட்டேன்க்கா.”

“வேற எவளாவது எழுதுவா.”

“எழுதுவா.”

செய்யமுடியாது என்று சஃப்ரின் ஒரு வரியில் பதில் அனுப்பினாள். கட்டைவிரலை உயர்த்திய படம் ஒன்றை இத்ரீஸ் திருப்பி அனுப்பினான். அடுத்த மாதம் அறிக்கை தமிழில் வெளிவந்தது. அவள் முழுவதையும் படித்தாள். யார் எழுதியதோ, ஓரிடத்திலும் பிழை இல்லை, சந்திகூடத் தப்பவில்லை, அவ்வளவு சுத்தமான தமிழ். பாதிக்குமேல் அவளால் உட்கார்ந்து படிக்க முடியவில்லை. எழுந்துபோய் ஜன்னலைத் திறந்துவிட்டு, மிச்சத்தை நின்றுகொண்டே படித்தாள்.