லேப் மெஷின் எழுந்திருக்கவில்லை

...இல்லை, டிஸ்க் செத்திருக்க வாய்ப்பே இல்லை, செத்த டிஸ்க் இவ்வளவு அமைதியாக இருக்காது, கறுப்புத் திரையில் 'பூட் செய்ய டிஸ்க் இல்லை' என்று ஒரே ஒரு வரி, இருக்கிறாய், உள்ளேதான் எங்கேயோ இருக்கிறாய் என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள், மணி பத்து இருபது, பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரி மேல்மாடியில் ஒரு பெண்ணுக்கு ஆபரேஷன், அவளுடைய ரத்தப் பரிசோதனை முடிவுகள் மொத்தமும் இந்த லேப் மெஷினுக்குள், மெஷின் என்றால் தட்டிப் பார்க்க ஒரு பெட்டிகூடக் கிடையாது, ஒரே பெரிய சர்வருக்குள் ஆளுக்கொரு கம்ப்யூட்டராகப் பாவனை செய்துகொண்டிருக்கும் இருபது விர்ச்சுவல் மெஷின்களில் ஒன்று, மற்ற பத்தொன்பதும் சமர்த்தாக ஓடுகின்றன... டாக்டர் இரண்டு தடவை போன் பண்ணிவிட்டார், மறுபடி ரத்தம் எடுத்துப் பார்க்க ஒன்றரை மணி நேரமாகும், அதுவரை அவள் தாங்குவாளா என்பது சந்தேகம்தான். அப்படியிருந்தும் இவளுக்கு விரல்கள் குறுகுறுக்கின்றன, பயம் என்றால் விரல் ஏன் குறுகுறுக்க வேண்டும்?

பக்கத்து நாற்காலியில் சித்தப்பா, யாருக்கும் சித்தப்பா இல்லை, வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எல்லோரையும் 'வாம்மா, போம்மா' என்றதில் ஒட்டிக்கொண்ட பெயர், ஒன்பதரைக்கு அப்டேட் போட்டுவிட்டு இந்த மெஷினை ரீஸ்டார்ட் செய்தவர் அவர்தான், போனது போனதுதான், திரும்பி வரவில்லை. "ரீஸ்டார்ட் மட்டும்தாம்மா குடுத்தேன்," என்றார் நான்காவது முறையாக. "தெரியும் சித்தப்பா, கொஞ்சம் தண்ணி குடிங்க," என்றாள், ஆனால் காதில் பாதிதான் விழுந்தது, இதன் டிஸ்க்கும் பாவனைதான், சர்வருக்குள் ஒரு பெரிய ஃபைல், அது ஸ்டோரேஜில் இருக்கிறதா, இருக்கிறது, இருநூறு ஜிபி, முழுசாக, குண்டுமணி அளவுகூடக் குறையவில்லை, அப்பாடா, பிறகு ஏன் கண்ணுக்குத் தெரியவில்லை என்கிறாய்? போன மாதமே மேனேஜர் சித்தப்பாவைக் கூப்பிட்டு, இன்னொரு தப்பு நடந்தால் வேறு பிரிவுக்கு மாற்றிவிடுவேன் என்று சொல்லியிருக்கிறார், பாவம்... சரி, ரெஸ்க்யூ சிடி போட்டு எழுப்பிப் பார்க்கலாம், அதற்கும் நிஜ சிடி கிடையாது, அதுவும் பாவனைதான், சுற்றுகிறது, சுற்றுகிறது, வீட்டுக்காரர் சொல்வார், ஊரே முழுகினாலும் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று பார்க்க முதலில் ஓடுகிறவள் நீதான் என்று, சொல்லட்டும், இதோ வந்துவிட்டது, ஃபோல்டர்கள், இன்றைய தேதி, அந்தப் பெண்ணின் ஃபைல், எல்லாம் அப்படி அப்படியே. மேஜையை ஓங்கித் தட்டினாள், சித்தப்பா பதறிப்போனார்.

டேட்டா பத்திரம், ஆனால் லேப் சாஃப்ட்வேர் ஓடினால்தான் அதைப் படிக்க முடியும், அதற்கு மெஷின் தானாக எழுந்திருக்க வேண்டும், மணி பத்து நாற்பது, யோசி, உள்ளே இருக்கும் டிஸ்க்கை இல்லை என்கிறது என்றால் வேறு எங்கேயோ பார்த்துவிட்டுச் சொல்கிறது, எங்கே? செட்டிங்ஸைத் திறந்தாள், ஒரு டிஸ்க் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு, அட, முதல் இடத்தில் புதிதாக ஒன்று, காலி டிஸ்க், மெஷின் எழுந்ததும் அதைத்தான் தட்டுகிறது, அங்கே ஆளில்லை என்றதும் அடுத்த கதவைப் பார்க்காமல் படுத்துவிடுகிறது, சோம்பேறி, ஓடிக்கொண்டிருந்த மெஷினில் யாரோ செருகிவிட்டு ரீஸ்டார்ட் செய்து பார்க்காமல் போயிருக்கிறார்கள், எந்தப் புத்திசாலி அது, வரிசையை மாற்று, சேவ், ஆன் செய்... லோகோ, கோடுகள், லாகின் திரை. பத்து ஐம்பத்திரண்டுக்கு ரிப்போர்ட் மேலே போனது, டாக்டர் "வந்துருச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தார், இவளுக்கு அந்த அறையில் நின்ற இடத்திலேயே குதிக்க வேண்டும் போல இருந்தது.

அந்தப் புத்திசாலி யார் என்று பார்த்துவிடலாமே என்று மாற்றங்களின் பட்டியலைத் திறந்தாள், வெள்ளிக்கிழமை, மாலை நாலு பத்து, பேக்கப்புக்காகப் புது டிஸ்க், செருகியவர்... அவள் பெயர். அவளேதான். வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில், ஆமாம், ரீஸ்டார்ட் திங்களன்று பார்த்துக்கொள்ளலாம் என்று... கதவு திறந்தது, மேனேஜர். "யாரு பண்ண வேலை இது?" அவள் வாயைத் திறப்பதற்குள் சித்தப்பா எழுந்துவிட்டார், "நான்தான் சார், ரீஸ்டார்ட் குடுக்கறதுக்கு முன்னாடி செக் பண்ணிருக்கணும்." எழுந்தவர் திரைக்கும் மேனேஜருக்கும் நடுவில் போய் நின்றுகொண்டார், அப்படியானால் திரையில் அவள் பெயரைப் படித்துவிட்டார், எப்போது படித்தார், படித்துவிட்டா இதைச் சொல்கிறார்? "சார்," என்றாள், குரல் வந்தது, மேனேஜர் திரும்பினார், சொல்லத்தான் போகிறாள், காது மடல் கொதிக்கிறது, அவமானமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதற்கடியில் அந்தக் குதூகலம் இன்னும் அடங்கவில்லையே, ஒரு பெண் மேலே உயிரைப் பிடித்துக்கொண்டு காத்திருந்த அந்த அரைமணி நேரம்தான் இந்த வருஷத்திலேயே தான் சந்தோஷமாக இருந்த நேரம் என்பதை யாரிடம் போய்ச் சொல்வது...