மிஸ் ஓஸெல்லாவின் மனம் புண்படக்கூடாது

'சிரிக்கும் தோட்டம்' படத்தை, அதை எடுத்த கம்பெனியே பெட்டியில் போட்டுப் பூட்டியபோது, அதில் நடித்தவர்களில் நிம்மதிப் பெருமூச்சு விட்டவள் ஓஸெல்லா புரூயிட் ஒருத்திதான்.

படம் அப்படிப்பட்ட படம். ஜார்ஜியாவில் ஒரு பருத்தித் தோட்டம். அதில் அடிமைகள் காலையில் எழுந்து பாடுவார்கள், மத்தியானம் ஆடுவார்கள், சாயங்காலம் முதலாளியைச் சுற்றி உட்கார்ந்து கதை சொல்வார்கள். பருத்தி யார் பறித்தார்கள் என்பது கடைசி வரைக்கும் தெரியாது. படத்தைப் பார்த்துவிட்டு வெளியே வருகிற வெள்ளைக்காரக் குழந்தைகள், அடிமையாகப் போக எங்கே பேர் கொடுப்பது என்று அப்பாவிடம் கேட்டிருந்தால் ஆச்சரியமில்லை. ஊர் ஊராகக் கறுப்பு மக்கள் தியேட்டர் வாசலில் எதிர்ப்பு அட்டை பிடித்து நின்றார்கள். சில வருடங்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு, மனிதகுலத்தின் மேல் உள்ள மரியாதையால் படத்தை இனி வெளியிடப் போவதில்லை என்று கம்பெனி அறிவித்தது. படத்தில் வந்த கிணற்றடிப் பாட்டை மட்டும் பூட்டவில்லை. கம்பெனியின் கேளிக்கைப் பூங்காவில் படகு சவாரி போனால் அந்தப் பாட்டு. பால் குடிக்கிற கோப்பையின் மேல் அந்தப் பாட்டு. பொம்மையின் வயிற்றை அமுக்கினால் அந்தப் பாட்டு. படம் அவமானம், பாட்டு வியாபாரம்.

அந்தப் பாட்டைப் பாடிய சிறுமி தான்தான் என்று இங்கிள்வுட் சர்ச்சில் நாற்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள் ஓஸெல்லா. கிணற்றடியில் முதுகைக் காட்டி நின்று பாடும் பெண் என்று எல்லோருக்கும் அரைகுறையாகக் கேள்விப்பட்ட ஞாபகம். அந்த முதுகு தன்னுடையது என்றாள். படம் பூட்டிக் கிடக்கிறது, யார் போய்ப் பார்க்கப்போகிறார்கள்? கதை வருடத்துக்கு வருடம் சதை போட்டது. முதலில் டைரக்டர் கைதட்டினார். பிறகு கண்கலங்கினார். பிறகு கதாநாயகன் தன் நாற்காலியையே எழுந்து கொடுத்தான்.

"திரும்பி நின்ன முதுகுக்கு இம்புட்டு வாயா!" என்பாள் லவோனியா ஸ்டப்ஸ். பாடகர் குழுவில் முன்வரிசை அவளுக்குத்தான். ஓஸெல்லாவுக்கு மூன்று வயது இளையவள், எதிரி என்று சொல்லுமளவு நெருக்கமானவள்.

உண்மை வேறு. எட்டு வயது ஓஸெல்லா அந்தப் படத்தில் ஒரு வாத்திடம் மாட்டிக்கொண்டு ஓடினாள். வெள்ளை வாத்து, ஆள் உயரத்துக்குக் கழுத்து. கண்ணை உருட்டிக்கொண்டு ஓடி, துணித் தொட்டிக்குள் தலைகுப்புற விழுந்தாள். அவ்வளவுதான் அவள் வேஷம். சென்ட்ரல் அவென்யூ தியேட்டரில் அம்மாவோடு ஒரே ஒரு தடவை பார்த்தாள். மறுநாள் பள்ளிக்கூடத்தில் நுழையும்போது வகுப்பே "குவாக்" என்றது. அந்தப் பள்ளியை விட்டுப் போகிற வரைக்கும் அவள் பெயர் வாத்துதான். அதற்கப்புறம் நடிக்கக் கூப்பிட்டவர்களிடமெல்லாம் அம்மா முடியாது என்று சொல்லிவிட்டாள்.

ஓஸெல்லாவுக்கு எண்பத்து நாலு நடக்கும்போது கம்பெனியிலிருந்து ஆள் வந்தான். பெயர் டிரென்ட் வில்லோபி. வைஸ் பிரசிடென்ட். விலை உயர்ந்த ஓட்டப்பந்தய ஷூ, துக்க வீட்டுக்கு வந்தவன் போல முகம், கையில் கேக்.

"நாங்க பேச வரல, மிஸ் ஓஸெல்லா. உங்க குரலைக் கேக்க வந்திருக்கோம்" என்று ஆரம்பித்தவன், கேக் பாதி தீருகிற வரைக்கும் அவளை வாய் திறக்க விடவில்லை. படத்தைச் சுத்தம் பண்ணி மறுபடி வெளியிடலாமா என்று யோசிக்கிறார்களாம். நடித்தவர்களில் உயிரோடு இருப்பது அவள் ஒருத்திதானாம். படத்துக்கு முன்னால் ஒரு சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து அவள் நாலு வார்த்தை சொல்ல வேண்டுமாம்.

"என்ன சொல்லணும்?"

"அந்தக் காலம் அப்படி, எனக்கு ரொம்ப வலிச்சுது, ஆனாலும் பாருங்க. இவ்வளவுதான் மேடம்."

"வலிச்சுதுன்னு உனக்கு யார் சொன்னா?"

டிரென்டின் முகம் வெளிறியது. "வலிக்கலையா? நாங்க எழுதி வச்சதுல வலிச்சுதுன்னுதான் இருக்கு."

ஓஸெல்லாவுக்கு அவன் பேச்சே காதில் ஏறவில்லை. படம் வெளியே வருகிறது. வாத்து வருகிறது. லவோனியா பார்க்கப்போகிறாள். அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"தம்பி, அந்தப் படம் வெளிய வந்தா எங்க ஜனத்துக்கே அவமானம். எங்க அம்மா, அப்பன், பாட்டன் எல்லாரும் குழிக்குள்ள புரண்டு படுப்பாங்க. என் உசுரு இருக்கிற வரைக்கும் வரக் கூடாது. கேக்கையும் எடுத்துட்டுப் போ."

டிரென்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவள் சொன்னதை அப்படியே செல்போனில் பதிவு செய்துகொண்டான். கேக்கை மட்டும் அவள் பிறகு வாங்கி வைத்துக்கொண்டாள்.

அந்த வாரமே பத்திரிகையில் வந்துவிட்டது. 'மௌனம் கலைத்த மூதாட்டி' என்று தலைப்பு. நாற்பது வருடமாக அவள் வாயை மூட முடியாமல் தவித்த சர்ச்சுக்காரர்களுக்கு அந்தத் தலைப்பில் கொஞ்சம் வருத்தம் இருந்தது. ஆனாலும் பெருமைதான். பாஸ்டர் கிளீட்டஸ் மேயோ மேடையிலிருந்து அவள் பெயரைச் சொல்லிக் கும்பிட்டார். சனிக்கிழமை எல்லோரும் வேன் பிடித்துக் கம்பெனி வாசலில் போய் அட்டை பிடித்து நின்றார்கள். நடுவில் மடக்கு நாற்காலியில் ஓஸெல்லா, தலையில் ஈஸ்டர் தொப்பி.

எதிர்ப்புறம் இன்னொரு கூட்டம் நின்றது. ஒஹையோவிலிருந்து வந்திருந்த 'சிரிக்கும் தோட்டம்' ரசிகர் கழகம். எல்லோரும் வெள்ளைக்காரர்கள், எல்லோர் பனியனிலும் பருத்திப் பூ. அவர்களில் மீசை வைத்த ஒருவன் நடுவில் வந்து தயவாகக் கேட்டான்.

"ஏன் மேடம் எதிர்க்கறீங்க? அதுல உங்க ஆளுங்க எல்லாரும் சந்தோஷமாத்தானே இருக்காங்க!"

"கேமரா ஓடறப்ப சிரிக்கத்தான் சம்பளம்" என்றாள் ஓஸெல்லா. "நிறுத்தினதும் எங்க மூஞ்சியப் பாத்திருக்கணும் நீ."

அவன் லவோனியாவிடம் திரும்பினான். "நீங்க படத்தைப் பாத்திருக்கீங்களா?"

"இல்ல. அதுக்கென்ன?"

"பாக்காமலே திட்டறீங்களே!" என்று பையிலிருந்து ஒரு குறுந்தகட்டை எடுத்து நீட்டினான். வெளிநாட்டில் எவனோ திருட்டுத்தனமாகப் போட்ட பிரதி. "பாத்துட்டுத் திட்டுங்க."

"சரி, குடு. பாத்துட்டே திட்டறேன்" என்று லவோனியா வாங்கிக் கைப்பையில் போட்டாள். ஓஸெல்லாவுக்கு மடக்கு நாற்காலி மடங்கிக்கொண்டது போல இருந்தது.

மறுநாள் ஆராதனை முடிந்து சர்ச்சின் கீழ்த்தளக் கூடத்தில் சாப்பாடு. பொரித்த கோழி, கீரை, சர்க்கரைவள்ளிக் கிழங்கு வைத்துச் சுட்ட இனிப்பு. லவோனியா டிவியை உருட்டிக்கொண்டு வந்தாள்.

"அதைப் பாக்கறதே பாவம்!" என்றாள் ஓஸெல்லா.

"எதை எதிர்க்கறோம்னு தெரியணும் இல்ல சிஸ்டர்?" என்றார் பாஸ்டர், கோழிக்காலோடு முதல் வரிசையில் இடம் பிடித்தபடி.

படம் ஓட ஆரம்பித்ததும் கூடம் திட்டத் தொடங்கியது. நல்ல ருசியான திட்டு.

"ஜார்ஜியாவுல ஜூலை வெயில்ல ஒருத்தனுக்குக்கூட வேர்க்கலையே!"

"பருத்தி பறிக்கிற கை பாருடி, பியானோ வாசிக்கிறவ கை மாதிரி."

"முதலாளி அழறானே, என்னவாம்?"

"அடிமைங்க அதிகமா வேலை செய்றாங்கன்னு மனசு தாங்கலையாம்."

கிணற்றடி வந்தது. எல்லோரும் திட்டுவதை நிறுத்திவிட்டு ஓஸெல்லாவைப் பார்த்துப் புன்னகைத்தார்கள். திரையில் முதுகைக் காட்டியபடி பெண் பாடினாள். பாட்டு முடிந்ததும் அவள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கேமராவைப் பார்த்துத் திரும்பினாள். திரும்புவாள் என்பதே ஓஸெல்லாவுக்கு மறந்துபோயிருந்தது. பதினைந்து பதினாறு வயது, ஒட்டகம் மாதிரி நெட்டை, தேன் நிறம். எந்தக் கோணத்தில் பார்த்தாலும் ஓஸெல்லா இல்லை.

லவோனியா மெல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் வாத்து வந்துவிட்டது.

நாலு பின்னல் போட்ட ஒரு குட்டிப்பெண், முழங்கால் தெரிய, கண் இரண்டும் கோலிக்குண்டாக உருள, திரைக்குள் ஓடி வந்தாள். பின்னால் வாத்து. துணித் தொட்டியில் தலைகுப்புற விழுந்தாள். முதலாளியம்மாவின் பெரிய உள்பாவாடை ஒன்றைத் தலையில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். எதிரில் வாத்து நின்றது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்தன. ஒரு மூச்சு நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அந்தப் பெண் பாவாடையின் இரண்டு ஓரத்தையும் பிடித்து, முழங்காலை மடித்து, ராணிக்கு வைப்பது போல வாத்துக்கு ஒரு வணக்கம் வைத்தாள்.

கூடம் வெடித்தது. பாஸ்டருக்குக் கோழி புரையேறியது. லவோனியா மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். அப்புறம்தான் அது யாரென்று ஒவ்வொருவருக்காக உறைத்தது. சிரிப்பு அப்படியே நின்றது. எல்லோரும் அவசர அவசரமாக முகத்தைத் துக்கமாக்கிக்கொண்டார்கள். பக்கத்தில் இருந்த சிஸ்டர் ஃபுளோரின் ஓஸெல்லாவின் கையைப் பிடித்தாள்.

"பச்சப்புள்ளைய என்ன பாடு படுத்திட்டானுங்க, பாவி பசங்க."

ஓஸெல்லா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். இவ்வளவு காலமும் சிரிப்பைக் கண்டுதான் பயந்திருந்தாள். இப்போது சிரிப்பு வந்தது, போனது, அதைத் தாங்க முடிந்தது. இந்த இரக்கத்தைத்தான் தாங்க முடியவில்லை. திரையில் தெரிந்த பெண்ணை அவள் இப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தாள். வணக்கத்துக்கு முன்னால் அந்த ஒரு மூச்சு. அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

"ஓடு, விழு. அம்புட்டுத்தான் டைரக்டர் சொன்னது" என்றாள் சத்தமாக. "கண்ணை உருட்டுன்னு சொன்னவன் அவன். அது அவன் புத்தி. அந்த வணக்கம் என்னோடது. நானா வச்சது. எவனும் சொல்லித் தரல."

"அப்ப கெணத்தடிப் பாட்டு?" என்றாள் லவோனியா.

"அது பொய்."

"நாப்பது வருஷமாவாடி?"

"ரெண்டு வருஷத்துல நிறுத்தியிருப்பேன். உனக்கு எரிஞ்சுது. அதான் விடாம சொன்னேன்."

லவோனியா அவளையே பார்த்தாள். "கூறுகெட்டவளே. பாட்டு எவ வேணாலும் பாடுவா. நானே பாடுவேன். வாத்துக்கு வணக்கம் வைக்க எவ இருக்கா?" என்று ரிமோட்டை எடுத்து, படத்தைப் பின்னால் ஓட்டி, அந்த இடத்தை மறுபடி போட்டாள். இந்தத் தடவை அனுமதி கிடைத்தது போல எல்லோரும் சிரித்தார்கள். ஓஸெல்லாவும்.

திங்கட்கிழமை காலையில் அவள் டிரென்டுக்குப் போன் போட்டாள்.

"படத்தை வெளிய விடுப்பா. நாற்காலில உக்காந்து நானே பேசறேன். எது பொய், எது நாங்க செஞ்சதுன்னு சொல்றேன்."

"முடியாதுங்க, மிஸ் ஓஸெல்லா. நிரந்தரமாப் பூட்டறதுன்னு முடிவு பண்ணி அறிக்கையும் குடுத்தாச்சு. உங்க மனசு புண்படக் கூடாதுன்னுதான்."

"என் மனசு புண்படல."

"அது உங்களுக்கே தெரியாம புண்பட்டிருக்கலாம், மேடம். எங்ககிட்ட அதுக்கு நிபுணர்கள் இருக்காங்க."

"என் மனசைப் பத்தி நான்தானே சொல்றேன்!"

"நீங்க முதல்ல சொன்னதைத்தான் நாங்க மதிக்கிறோம்" என்றான் டிரென்ட், மிகவும் மரியாதையாக. பிறகு, பெவர்லி ஹில்ஸில் ஒரு ஓட்டலில் மத்தியான விருந்து வைத்து அவளைக் கௌரவிக்கப் போவதாகச் சொன்னான்.

லவோனியாவையும் கூட்டிக்கொண்டு போனாள். ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு பரிசுப் பை இருந்தது. பைக்குள் பஞ்சு வைத்த வெள்ளை வாத்து. அமுக்கினால் கிணற்றடிப் பாட்டு. கிறிஸ்துமஸுக்குக் கடைக்கு வருகிறதாம்.

"பாத்தியா?" என்றாள் லவோனியா. "வாத்தை விடுதலை பண்ணிட்டான். உன்னைத்தான் உள்ள வச்சிருக்கான்."

மேடையில் டிரென்ட் அவள் பெயர் பொறித்த ஒரு கண்ணாடி விருதுப் பலகையைக் கையில் கொடுத்து, மைக்கை நீட்டினான். ஓஸெல்லா பலகையை அவனிடமே திருப்பிக் கொடுத்தாள், இரண்டு கையும் வேண்டியிருந்ததால்.

"படத்தைத்தான் காட்ட மாட்டாங்களாம். நான் காட்டறேன்" என்றாள்.

காட்டினாள். எண்பத்து நாலு வயதில் ஓட முடியாது, அதனால் தோள் மட்டும் ஓடியது. வாத்தின் குரலை எழுப்பினாள். தொட்டியில் விழுந்தாள், கழுத்து வரைக்கும். மேசைத் துணி ஒன்றை உருவித் தலையில் போட்டுக்கொண்டு எழுந்தாள். வாத்தைப் பார்த்தாள். பிறகு ஓரங்களைப் பிடித்து வணக்கம் வைத்தாள்.

கம்பெனிக்காரர்களும் பத்திரிகைக்காரர்களும் நிறைந்த அந்த மண்டபத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் முத்துமாலை போட்ட பெண்மணி நெஞ்சில் கை வைத்து விம்மினாள். டிரென்ட் தலையைத் தலையை ஆட்டி வலியை உள்வாங்கிக்கொண்டான். சிலர் கண்ணைத் துடைக்கக் கைக்குட்டை இல்லாமல் வாத்துப் பொம்மையை எடுத்தார்கள். அங்கங்கே பாட்டு கேட்டது.

கடைசி மேசையிலிருந்து ஒரே ஒரு சிரிப்பு. மேசையைத் தட்டித் தட்டி, மூச்சு வாங்கி, சர்ச்சின் முன்வரிசைக் குரலில். எல்லோரும் கோபமாகத் திரும்பிப் பார்த்தார்கள். கோட்டு போட்ட ஓர் இளம்பெண் லவோனியாவிடம் குனிந்து சொன்னாள்: "அம்மா, தயவுசெஞ்சு வெளிய போங்க. உங்க சிரிப்பு மிஸ் ஓஸெல்லாவைக் காயப்படுத்துது."

"அவ சிரிக்கத்தான் நான் செஞ்சேன்!" என்று ஓஸெல்லா மேடையிலிருந்து கத்தினாள். மைக்கை அதற்குள் மரியாதையாக அணைத்திருந்தார்கள். அவள் மேசைத் துணியைத் தலையிலிருந்து எடுக்காமலே இறங்கி, நாற்காலிகளுக்கு நடுவே நடந்து, லவோனியாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியேறினாள். அவர்கள் முதுகுக்குப் பின்னால் மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது.

கார் வரும் வரை இருவரும் வாசலில் வெயிலில் நின்றார்கள்.

"செத்த கூட்டம்டி" என்றாள் ஓஸெல்லா.

"கூட்டத்தைக் குறை சொல்லாத. வணக்கத்துக்கு முன்னாடி நீ அவசரப்பட்டுட்ட. படத்துல இன்னும் கொஞ்சம் நின்னே."

"எட்டு வயசு முழங்கால் நிக்கும். இது நிக்குமா?"

"நிக்க வைக்கலாம்" என்றாள் லவோனியா. "ஞாயித்துக்கெழமை கீழ்க்கூடத்துல இன்னொருக்கா செஞ்சு பாரு. நான் பின்னாடி நாற்காலியப் பிடிச்சுக்கறேன்."