பங்கார் கலந்த டிஸ்க்

சைனப்பின் புருவத்தில் தையல் போட்டு முடிக்கும்வரை ஷாலினி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். பிறகு நேரே தாராவிக்கு நடந்தாள், அண்ணன் வேல்ராஜின் பிளாஸ்டிக் பட்டறைக்கு.

ஷாலினியும் சைனப்பும் வடாலா மைதானத்தில் ஜோடியாக ஃபிரிஸ்பீ டிஸ்க் ஆடுகிறவர்கள். பறந்து வரும் டிஸ்க்கைப் பிடிப்பதோடு முடிவதில்லை அவர்கள் ஆட்டம். அதை நகத்தின் மேல் வாங்கிச் சுழலவிட்டு, முதுகுப் பக்கம் கொண்டுபோய், எகிறிக் காலுக்கடியில் தட்டிவிட வேண்டும். கடையில் வாங்கும் டிஸ்க் சிமெண்டுத் தரையில் நாலு தடவை விழுந்தால் கீறிப்போகும். தாங்களே வார்க்கலாமென்றால், கெட்டியாக வார்த்தால் வெடிக்கும், இளக்கமாக வார்த்தால் நகத்தில் ஒட்டும். அண்ணனோடு சேர்ந்து ஒரு வருஷம் மல்லுக்கட்டித்தான் இரண்டுக்கும் தப்பிய ஒரு கலவையைப் பிடித்திருந்தாள். அந்த டிஸ்க்தான் இன்று சைனப்பின் விரலில் பட்டதும் பிளந்து முகத்தில் அடித்தது.

உடைந்த துண்டை வேல்ராஜ் முன்னால் போட்டாள். உடைந்த இடத்தில் கறுப்பும் நீலமுமாகப் புள்ளிகள், பழைய பிளாஸ்டிக்கை அரைத்துச் சேர்த்ததன் அடையாளம்.

"பங்கார் மாலு கலந்தியாண்ணே?"

"கொஞ்சம்தாம்ட்டி. ஆர்டர் குடுத்த தாணேக்காரன் அவசரப்படுத்துனான், புது மாலு வரல. பாக்க ஒண்ணுபோலதான இருந்துச்சு."

"கண்ணு தப்புனது மயிரிழையில."

"அவ சரியாப் பிடிச்சிருக்க மாட்டா."

ஷாலினி அடுக்கியிருந்த டிஸ்க் பெட்டிகளில் ஒன்றைக் கிழித்தாள். அரவை மிஷினை ஓடவிட்டு டிஸ்க்குகளை உள்ளே தள்ளத் தொடங்கினாள். வேல்ராஜ் ஓடிவந்து ஸ்விட்சை அணைத்தான். அவள் மறுபடி போட்டாள். கையைப் பிடித்தவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டான்.

"ஒரு பெட்டி நேத்தே தாணேக்குப் போயிட்டு," என்றான்.

"போன் போட்டுச் சொல்லு. யாரும் ஆடக்கூடாதுன்னு சொல்லு."

"மொத்த ஆர்டரும் போயிரும்ட்டி."

"போடுங்கேம்ல."

அண்ணனை அவள் 'ல' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. வேல்ராஜ் போன் போட்டான். அந்தப் பக்கத்து ஆள் இந்தியில் வைத வசவு மிஷின் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

"ஆர்டர் கேன்சல். இப்ப திருப்தியா?"

"இல்ல," என்று அடுத்த பெட்டியைக் கிழித்தாள்.

மறுநாள் டிஸ்க் வார்க்கும் இரும்பு அச்சை வேறு பட்டறைக்கு எடுத்துப்போக டெம்போவோடு வந்தாள். வேல்ராஜ் தடுக்கவில்லை, தூக்கிவிடவும் எழுந்திருக்கவில்லை. நெற்றியில் கட்டோடு சைனப்தான் மறுபக்கம் பிடித்தாள்.