இரண்டாம் பாகத்துக் குளம்

1433ஆம் பசலி, அதாவது நமக்கு 2023, ஐப்பசி பன்னிரண்டாம் தேதி காலையில் ஆதனூர்வெளி துரைராசுவின் வயலில் ஒரு டைனோசரின் காலடித் தடம் இருந்தது. மூன்று விரல், இடுப்பளவு ஆழம், உள்ளே தெளிந்த தண்ணீர். ஒரு மாட்டுவண்டியை அப்படியே இறக்கி நிறுத்தலாம், அவ்வளவு அகலம். துரைராசு வரப்பில் குத்தவைத்து உட்கார்ந்து ஒரு கை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தார். கரிக்கவில்லை. அந்த ஊரில் எங்கே தோண்டினாலும் பதினைந்தடியில் உப்புத் தண்ணீர்தான், கடல் எட்டு மைலில் இருக்கிறது. அதனால் தடத்தைவிடத் தண்ணீரின் ருசிதான் அவரை யோசிக்க வைத்தது. வீட்டுக்குப் போய்ப் பரணில் கிடந்த இறைகூடையைத் தூசி தட்டி எடுத்து வந்தார். அவர் ஒரு பக்கம், மனைவி மங்களாம்பிகை ஒரு பக்கம், நடுவில் கயிற்றில் கூடை. இறைக்க இறைக்கத் தடம் ஊறிக்கொண்டே இருந்தது. பொழுது சாய்வதற்குள் ஒரு ஏக்கர் நனைந்தது, பிறகு தடம் வற்றிவிட்டது.

ஆதனூர்வெளி கடைமடை. மேட்டூரில் திறக்கிற தண்ணீர் ஆறு ஆறாகப் பிரிந்து, வாய்க்கால் வாய்க்காலாகக் கிளைத்து, எல்லோர் வயலிலும் நின்று போய் வந்து, மிச்சம் இருந்தால் அங்கே எட்டிப் பார்க்கும். அந்த வருஷம் மிச்சம் இல்லை. ஐப்பசி பிறக்குமுன்பே அணை மூடியாயிற்று. மழை மேகம் வேதாரண்யம் வரை வந்து கடலுக்கே திரும்பிவிட்டது. துரைராசுவுக்கு மூன்று ஏக்கர், நேரடி விதைப்புச் சம்பா, ஒரு சாண் வளர்ந்து நின்றது. மேற்கே பார்த்த வயல்களெல்லாம் ஏற்கெனவே இறால் குட்டைகளாகிவிட்டன. குட்டைக்கு ஒரு தடவை உப்புத் தண்ணீர் விட்ட மண்ணில் மறுபடி நெல் முளைக்காது, அது எல்லோருக்கும் தெரியும். "இந்தப் போகமும் காஞ்சா குட்டைக்கு விட்டுடுறேன், என்னால முடியல" என்று துரைராசு மனைவியிடம் ஆவணியிலேயே சொல்லியிருந்தார். அவர் வார்த்தை மாறுகிறவர் கிடையாது.

தடத்துக்குக் காரணம் டிவிடி என்று தெரிய ஒரு வாரமாயிற்று. அவர்களுக்கு ஒரே பெண், பிரகதீஸ்வரி. பதினோரு வயதில், ஒன்பது நாள் காய்ச்சலில் போய்விட்டாள். அது நடந்து ஒன்பது வருஷம். அவள் சேர்த்து வைத்தது ஒரு முறுக்கு டின்னில் இருந்தது: அவளுடைய காதுகுத்து வீடியோ, வீடு குடிவந்த வீடியோ, அப்புறம் தமிழில் பேசுகிற டைனோசர் படம் நான்கு பாகம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நான்கையும் வரிசையாகப் போட்டுப் பார்ப்பாள். எந்த ஆளை எந்த மிருகம் எப்போது தின்னும் என்று முன்கூட்டியே சொல்லி மற்றவர்கள் உயிரை எடுப்பாள். அவளுக்குப் பிடித்தது இரண்டாம் பாகம். அதில் நீளக் கழுத்துக் குட்டி ஒன்று குளக்கரைக்கு வந்து தண்ணீர் குடிக்கும், இரண்டு நிமிஷக் காட்சி. சாம்பல் நிற மாட்டை அங்கே மயிலை என்பார்கள், குட்டியும் அந்த நிறம்தான் என்பதால் அதற்கு மயிலை என்றே பேர் வைத்திருந்தாள். "அம்மா, மயிலை தண்ணி குடிக்குது, ஓடியா!" என்று அவள் கத்தினால் மங்களாம்பிகை அடுப்பை விட்டுவிட்டு ஓடிவர வேண்டும். ஒரு தடவை வரவில்லை என்று மூன்று நாள் அம்மாவிடம் பேசாமல் இருந்தாள். காதுகுத்து வீடியோவைப் பார்க்கிற தைரியம் இருவருக்கும் இல்லை. அதனால் வருஷா வருஷம் அவள் திதியன்று, ஐயருக்கு அரிசி வாழைக்காய் கொடுத்து அனுப்பிய பிறகு, துரைராசு டைனோசர் படத்தைப் போட்டுப் பார்ப்பார். நான்கு படத்திலும் ஒரே தீவு, விடாத மழை, அருவி, ஆறு. இந்த வருஷம் திதி முடிந்த மறுநாள் காலையில்தான் தடம் விழுந்தது. மனசு ஆறாமல் அடுத்த நாளும் படம் போட்டார், தடம் விழுந்தது. போடாத நாளில் விழவில்லை.

பக்கத்து வயல் மருதையன் ஒரு மத்தியானம் படம் பார்க்க வந்து, சத்தம் பத்தவில்லை என்று ரிமோட்டை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டான். மறுநாள் தடம் அவன் வயலில் இருந்தது. "அண்ணே, ஒங்க டைனோசரு ராத்திரி எனக்கு வேல பாத்துட்டுப் போயிருக்கு" என்று வந்து நின்றான். அதற்குமேல் மறைக்க முடியவில்லை. அந்த வாய்க்காலின் கடைசியில் ஏழு வீட்டுக்கு நிலம் இருந்தது. ஏழு வீட்டாரும் கூடி, வாய்க்கால் தண்ணீருக்கு வைக்கிற மாதிரியே முறை வைத்தார்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு ஒரு படம், முறைக்காரர் கையில் ரிமோட், மற்றவர்கள் தொட்டால் சண்டை. படம் கடைசிவரை ஓட வேண்டும், பாதியில் நிறுத்தினால் தடம் விழாது. சைத்தூன் பீவிக்கு ஒன்றரை ஏக்கர், வயது எழுபது. தன் முறையன்று அந்தம்மா தூங்கிப்போய் ரிமோட் கையிலிருந்து நழுவிவிட்டது. மறுநாள் இரண்டு விரல் மட்டும் விழுந்திருந்தது. "ஒரு வெரலு ஒன் கொறட்டைக்குப் பயந்து ஓடிப்போச்சு லாத்தா" என்றான் மருதையன். "வாய மூடுடா, இருக்கிற ரெண்ட எறைக்க ஆளக் கூட்டியா" என்றது அந்தம்மா. கார்த்திகை பாதிக்குள் ஏழு வீட்டுப் பயிரும் பச்சை கட்டி நின்றது.

படத்தில் தண்ணீர் குறைகிறதை யார் முதலில் கவனித்தார்கள் என்று சொல்ல முடியாது. முதல் பாகத்தில் அருவி நூலாக இளைத்து, பிறகு பாறை மட்டும் நின்றது. மூன்றாம் பாகத்தில் மழை நின்றுபோயிற்று. நான்காம் பாகத்தில் ஆறு வற்றியது. அதில் படகில் தப்பிக்கிற கூட்டம் வழக்கம்போலப் படகில் ஏறி உட்கார்ந்து மணலில் துடுப்புப் போட்டது. பின்னால் துரத்தி வரவேண்டிய பெரிய மிருகம் வரவில்லை, ஒரு ஜீப்பின் நிழலில் படுத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் அவர்கள் அலறினார்கள், சம்பளம் வாங்கிவிட்டவர்கள். மிருகங்களுக்கு விலா எலும்பு தெரிந்தது. காடு பழுத்து, பிறகு கருகியது.

"மருதையா, நாம தலமடைக்காரங்க ஆயிட்டோம்டா" என்றது சைத்தூன் பீவி ஒரு நாள், திரையைப் பார்த்தபடியே. "இனிமே கீழ இருக்கிறவன் கத்துனா நமக்குக் கேக்காது. நிம்மதியா இரு."

"கீழ யாரு லாத்தா இருக்கா? படந்தானே."

"படந்தான். நாக்கத் தொங்கப் போட்டுகிட்டு அது நம்மளையேல்ல பாக்குது."

அன்றைக்கு மருதையன் முறை. படத்தை அவன் நிறுத்தவில்லை. சைத்தூன் பீவியும் நிறுத்தச் சொல்லவில்லை, மறுநாள் அந்தம்மா முறை.

இரண்டாம் பாகத்தை மட்டும் யாரும் போடவில்லை. முறை வைத்த அன்றே மங்களாம்பிகை அதை டின்னிலிருந்து எடுத்துப் பீரோவில் கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். மூன்று படம் போதுமாக இருந்தவரை எவரும் கேட்கவில்லை. மார்கழி பத்தாம் தேதிக்குள் மூன்றும் தூசியாகிவிட்டன. போட்டால் வெறும் புழுதி பறந்தது, வயலில் தடம் விழவில்லை. நெல்லோ பால் பிடிக்கிற நேரத்தில் நின்றது. நகத்தால் நசுக்கினால் வெள்ளையாக ஒரு சொட்டு வரும். அந்தச் சொட்டு அரிசியாக இறுகுவதற்கு இன்னும் நான்கு தண்ணீர் வேண்டும், இல்லாவிட்டால் கதிர் முழுக்கப் பதர்.

மருதையன் வந்து வாசற்படியில் உட்கார்ந்தான். "அண்ணி, நாலே தண்ணி. அந்தக் கொளத்துல எடுத்தா யாருக்கும் தெரியப் போறதில்ல."

"ஒன் வூட்டுல பேரப் புள்ள பால் குடிக்குதுல்ல? அதப் புடுங்கி வயல்ல ஊத்து, போ" என்றாள் மங்களாம்பிகை. மருதையன் எழுந்து போய்விட்டான். இறால் குட்டைத் தரகர் பத்திரக் காகிதத்தோடு அந்த வாரத்தில் இரண்டு தடவை வந்து போனார்.

மார்கழி பதினான்காம் தேதி மங்களாம்பிகையின் அக்காவுக்குக் கும்பகோணத்தில் கண் ஆபரேஷன். துணைக்கு ஆள் இல்லை, நான்கு நாள் என்று சொல்லி அவள் பஸ் ஏறினாள். துரைராசு பீரோவைச் சுவரிலிருந்து நகர்த்தி, பின் தகட்டைத் திருப்புளியால் கழற்றி டிஸ்கை எடுத்தார். கதவைச் சாத்திக்கொண்டு, யாருக்கும் சொல்லாமல், நான்கு மத்தியானம் ரிமோட்டைக் கையில் பிடித்தபடி இரண்டாம் பாகம் பார்த்தார். மறுநாள் விடியுமுன் தடத்துத் தண்ணீரைத் தனியாகவே குடத்தில் மொண்டு பயிருக்கு ஊற்றினார். குளக்கரைக் காட்சி வந்தால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். முதல் நாள் மயிலை குடிக்கிற சத்தம் கேட்டது. இரண்டாம் நாள் கொஞ்சம் கேட்டது. மூன்றாம் நாள் சேற்றை நக்குகிற சத்தம். நான்காம் நாள் சத்தமே இல்லாததால் திரும்பிப் பார்த்துவிட்டார். குளம் வெடித்துக் கிடந்தது. மயிலை வெடிப்பில் வாயை வைத்துப் பார்த்துவிட்டு, தலையைத் தூக்கி, யாராவது வந்து ஊற்றுவார்கள் என்பதுபோல நின்றது. இரண்டு நிமிஷக் காட்சி அன்றைக்குப் பதினோரு நிமிஷம் ஓடியது. பிறகு அது முன்னங்கால்களை மடித்தது.

ஐந்தாம் நாள் மங்களாம்பிகை பஸ்ஸை விட்டு இறங்கி, எப்போதும்போல வயல் வரப்பு வழியாக வந்தாள். அவர்கள் வயலில் நான்கு புதுத் தடம் இருந்தது. ஆனால் இவை சின்னவை, ஒரு மரக்கால் அகலம்தான் இருக்கும், கன்றுக்குட்டி மிதித்த மாதிரி. பையை வரப்பில் வைத்துவிட்டு ஒரு தடத்துக்குள் கையை விட்டுப் பார்த்தாள். வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்: "நாக்க நனைக்கிறதுக்காவது மிச்சம் வச்சீங்களா?" அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

அவருடைய நெல் மட்டும் நன்றாக முற்றியது. கதிர் தலை சாய்ந்து, பார்க்கிறவர்கள் கண் வைக்கிற மாதிரி நின்றது. மூன்று நாள் அப்படி நின்றது. மார்கழி இருபத்தாறாம் தேதி வானம் இருட்டி, இரண்டு ராத்திரி ஒரு பகல் பெய்தது. படத்தில் பெய்கிற மழை மாதிரியே பெய்தது. ஏழு வீட்டு வயலிலும் இடுப்புத் தண்ணீர். சாய்ந்த கதிர் தண்ணீருக்குள் கிடந்து, நெல் கதிரிலேயே முளைவிட்டு, வெள்ளை வேர் நீட்டியது. அதிகாரிகள் வந்து பார்த்து எழுதிக்கொண்டு போனார்கள். சாகாமல் பிழைத்த பயிர் எது, காய்ந்துபோன பயிர் எது என்று அடையாளம் தெரியவில்லை.

மழை விட்ட அன்று மத்தியானம் மங்களாம்பிகையே டிஸ்கைப் போட்டாள். குளம் காய்ந்து கிடந்தது. மயிலை ஒருக்களித்துப் படுத்திருந்தது. விலா ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. வெளியே வீட்டைச் சுற்றி நாலு பக்கமும் தண்ணீர். "எந்திரிங்க" என்றாள், பத்து நாளைக்குப் பிறகு. "கூடைய எடுங்க."

துரைராசு மண்வெட்டியை எடுத்து, வயலிலிருந்து வாசலுக்கு வாய்க்கால் வெட்டி, நிலைப்படியை உடைத்துத் தண்ணீரைக் கூடத்துக்குள் கொண்டுவந்தார். அவருக்குத் தெரிந்த வேலை அது. தண்ணீர் வந்து டிவி மேஜைக் காலைச் சுற்றி முழங்கால் அளவுக்கு நின்றது, அதற்குமேல் ஏறவில்லை. அவர் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம் நின்று கயிற்றைப் பிடித்துக் கூடையை வீசி, டிவியைப் பார்த்து இறைத்தார்கள். கிண்டல் பண்ண வாய் திறந்தபடி உள்ளே வந்த மருதையன், ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு லுங்கியை மடித்துக் கட்டி, அவள் கையிலிருந்து கயிற்றை வாங்கிக்கொண்டான். சைத்தூன் பீவி குடத்தில் மொண்டு மொண்டு ஊற்றியது. நான்காவது கூடைக்கு டிவி ஒரு கருகல் வாசனையோடு அணைந்துவிட்டது. ஆனாலும் பொழுது போகிறவரை கறுத்த கண்ணாடியின்மேல் இறைத்துக்கொண்டேதான் இருந்தார்கள்.

மறுநாள் சைத்தூன் பீவி வீட்டு டிவியில் போட்டுப் பார்த்தார்கள். குளம் வந்தது, கரை வந்தது, மயிலை இல்லை.

துரைராசு சொன்னபடி மாசி மாதம் நிலத்தைக் குட்டைக்கு விட்டார். இயந்திரம் வைத்துத் தோண்டியபோது வடமேற்கு மூலையில் எட்டடியில் எலும்பு தட்டியது. கன்று அளவு, ஒருக்களித்த வாக்கில், கழுத்து மட்டும் ஆள் நீளத்துக்கு, வாய் துரைராசு வீட்டைப் பார்த்தபடி. "என்னாங்க இது, ஒட்டகமா?" என்றான் இயந்திரம் ஓட்டுகிற வெளியூர்க்காரன். "எங்க அண்ணன் வூட்டு மயிலக்கன்னு" என்றான் மருதையன். கிராம அலுவலர் வந்து அளந்து, அடங்கல் பதிவேட்டில் 'கன்று, ஒன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். செத்த கன்றைக் கொல்லைத் தென்னைக்கு அடியில் புதைப்பது அங்கே வழக்கம். அப்படியே புதைத்தார்கள். முறுக்கு டின்னையும் கூடவே வைத்தாள் மங்களாம்பிகை. காதுகுத்து வீடியோவை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

அந்தத் தென்னை இப்போதும் குலைக்குப் பதினெட்டு இருபது காய்க்கிறது. காயில் தண்ணீர் இருப்பதில்லை. இளநீர்ப் பருவத்தில் சீவினாலும் உள்ளே உலர்ந்த வெள்ளைதான். மரம் ஏறுகிற ஆள் அந்தக் காய்களைத் தனியாகக் குவிக்கிறார், வியாபாரி குலுக்கிப் பார்க்காமல் கொப்பரை விலைக்கு எடுத்துக்கொள்கிறார். மரத்தடியில் எவ்வளவு ஊற்றினாலும் குடத்தைக் கவிழ்ப்பதற்குள் மண் காய்ந்துவிடும். ஊர்க் குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் வருகிறது, ஒரு வீட்டுக்கு எட்டுக் குடம் முறை. துரைராசு வீட்டுக்குப் பத்து. எட்டு அவர்களுக்கு, இரண்டு மயிலைக்கு. குழாயடியில் இதை யாரும் கேட்பதில்லை. மங்களாம்பிகை வர நேரமானால், முறைக்கு நிற்கிற யாராவது அந்த இரண்டு குடத்தை முதலில் பிடித்து ஓரமாக வைத்துவிடுகிறார்கள்.